குடியையும் விபத்தின் பயத்தையும் ஒன்றாகப் பார்க்கும் இடம்: கோவையில் தம்பி பெற்ற சிகிச்சை பற்றி

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். உங்கள் வீட்டு ஆம்பளை குடிக்கிறார், அந்தக் குடிக்கு முன்னால் ஒரு விபத்தோ கண்ணால் பார்த்த சாவோ இருக்கிறது என்றால், இரண்டுக்கும் ஒரே கூரைக்குக் கீழே வைத்தியம் பார்க்கிற இடத்தைத் தேடிப் போங்கள். "முதலில் குடியை நிறுத்தட்டும், மற்றதை அப்புறம் பார்க்கலாம்" என்று சொல்கிற இடத்தில் பணத்தைக் கட்டாதீர்கள்.

நான் எழுதுவது கோவையில் ஒரு மனநல மருத்துவமனையில் ஆண்களுக்கென்று நடக்கும் பிரிவைப் பற்றி. பெயரைப் போடவில்லை. தம்பி இன்னும் அங்கே போய்வருகிறான், பெயர் வேண்டாம் என்றான். அதனால் இடத்தை அடையாளம் காட்டுவதைவிட, அங்கே என்ன செய்தார்கள், எது நன்றாக இருந்தது, எது போதவில்லை என்பதை விவரமாகச் சொல்கிறேன். வேறு எங்கே போனாலும் ஒப்பிட்டுப் பார்க்க உதவும்.

நான் சங்ககிரியில் ஒரு லாரி புக்கிங் ஆபீஸில் கணக்கு எழுதுகிறேன். டிரைவர்களின் சம்பளம், பேட்டா, டீசல் பில் எல்லாம் என் கை வழியாகத்தான் போகும். தம்பியும் டிரைவர்தான். தொப்பூர் கணவாய் இறக்கத்தில், பிரேக் பிடிக்காமல் பின்னால் வந்த லாரி அவன் வண்டியை இடித்துத் தள்ளியது. கேபினில் அவனோடு மாட்டிக்கொண்ட கிளீனர் பையன், ஆட்கள் வந்து இரும்பை அறுத்து எடுப்பதற்குள் போய்விட்டான். அவ்வளவு நேரமும் பையனின் கை தம்பியின் கையில் இருந்திருக்கிறது. தம்பிக்குக் காலில் பிளேட் வைத்தார்கள், கால் சரியானது. எலும்பு டாக்டர் "நார்மல்" என்று எழுதிக் கொடுத்த பிறகுதான் எங்களுக்குப் பிரச்சினையே ஆரம்பித்தது.

டிரிப் முடிந்த அன்றைக்கு மட்டும் குடிக்கிற ஆள், தினமும் குடிக்க ஆரம்பித்தான். டீசல் வாடை பட்டால் முகம் வெளுக்கும். தொப்பூர் வழி லோடு என்றால் ஏதாவது காரணம் சொல்லித் தட்டிவிடுவான். தம்பி சம்சாரம் ஒருநாள் நாத்தனாரான என்னிடம் வந்து, "நங்கையா, இவரு தூக்கத்துல கட்டிலோட கால்மாட்டுச் சட்டத்தைப் போட்டு மிதிக்கிறாருங்க, பிரேக்குன்னு நெனச்சு" என்றாள். சொந்தக்காரர்கள் "பயந்துட்டான்" என்றார்கள். மந்திரித்துத் திருநீறு போட்டோம். கோயிலில் குடிக்க மாட்டேன் என்று கயிறு கட்ட வைத்தோம். அப்புறம் ஒரு மறுவாழ்வு இல்லத்தில் சேர்த்தோம்.

அந்த இல்லத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். போனைப் பிடுங்கிக்கொண்டார்கள். டாக்டர் எப்போதாவதுதான் வருவார். விபத்தைப் பற்றி நான் சொல்லப்போனால், "அதெல்லாம் குடிக்கிறதுக்குச் சாக்குங்க, தெளிஞ்சா தானாச் சரியாயிடும்" என்றார்கள். அவன் உண்மையாகவே தெளிந்துதான் வெளியே வந்தான். வந்த வேகத்தில் முன்னைவிட அதிகமாகக் குடித்தான்.

ஏன் என்பதைக் கோவை டாக்டர்தான் எங்களுக்குப் புரிய வைத்தார். சாராயம் சீக்கிரம் தூங்க வைக்கும், ஆனால் பின்னிரவுத் தூக்கத்தைக் கலைக்கும், கனவு வருகிற தூக்கத்தை அமுக்கி வைக்கும். குடியை நிறுத்தியதும் அமுக்கி வைத்த கனவெல்லாம் ஒரேயடியாகத் திரும்பி வரும். விபத்தைப் பார்த்தவனுக்கு அது என்ன கனவாக இருக்கும்? பையன் கையைப் பிடித்துக்கொண்டு கேபினில் உட்கார்ந்திருக்கும் கனவுதான். குடியை மட்டும் எடுத்துவிட்டு அந்த ராத்திரிகளோடு அவனைத் தனியாக விட்டால், மறுபடியும் கடைக்குத்தான் போவான். டாக்டர் இதை நிதானமாகச் சொன்னபோது தம்பி தலையைக் குனிந்துகொண்டு, "ஆமாங்க சார்" என்று ஒரே வார்த்தைதான் சொன்னான். அதற்கு முன்னால் எந்த டாக்டரிடமும் அவன் ஒத்துக்கொண்டு பேசியதே இல்லை.

இனி மையத்தைப் பற்றி. முதல் நாளே இரண்டு தாள் கொடுத்தார்கள். ஒன்று உலக சுகாதார நிறுவனம் தயாரித்த குடிப்பழக்கக் கேள்வித்தாள், ஆடிட் என்பார்கள், 10 கேள்வி. இன்னொன்று பி.டி.எஸ்.டி.க்கு, அதாவது பேரதிர்ச்சிக்குப் பின் வரும் மனநோய்க்கு, 20 கேள்வி, மொத்தம் 80 மதிப்பெண். இரண்டையும் ஒரே நாளில், ஒரே ஆள் உட்கார்ந்து கேட்டதுதான் எனக்குப் பெரிய விஷயமாகப் பட்டது. பி.டி.எஸ்.டி. என்ற நோயே 1980ல்தான் அமெரிக்க மனநல மருத்துவர்களின் நோய்ப் பட்டியலில் ஏறியது, அதுவும் பெரும்பாலும் வியட்நாம் போரிலிருந்து திரும்பிய சிப்பாய்களை வைத்து. பொதுவாகப் பெண்களுக்குத்தான் இந்த நோய் அதிகம் வருகிறதாம். ஆண்களிடம் குடி முன்னால் வந்து நின்றுகொள்வதால், பார்க்கிறவர்கள் குடியை மட்டும் கேட்டுவிட்டு அனுப்பிவிடுகிறார்கள். "உங்களுக்கு என்ன நடந்துச்சு?" என்று ஒரு ஆம்பளையிடம் கேட்க ஆள் இல்லை.

முதல் வாரம் உள்ளே வைத்துக்கொண்டார்கள். ரொம்ப நாள் தினமும் குடித்தவர் வீட்டில் சட்டென்று நிறுத்துவது ஆபத்து. முதல் 2 நாளுக்குள் வலிப்பு வரலாம். 2 முதல் 4 நாளுக்குள் நடுக்கம், காய்ச்சல், ஆள் தெரியாத பிதற்றல் எல்லாம் வந்து உயிரே போகலாம். இங்கே வந்ததும் பி1 வைட்டமின் ஊசி போட்டார்கள், குளுக்கோஸ் ஏற்றியது அதற்குப் பிறகுதான். நடுக்கத்துக்குக் கொடுத்த குளோர்டயஸிபாக்ஸைடு மாத்திரையை நாளுக்கு நாள் குறைத்து, சீக்கிரமே முழுசாக நிறுத்தினார்கள். அந்த வகை மாத்திரையே பழக்கமாகிவிடும், பி.டி.எஸ்.டி. உள்ளவருக்கு அதை நீட்டிக்கொண்டே போகக்கூடாது என்று டாக்டர் எங்களிடமே சொன்னார். அப்புறம் பி.டி.எஸ்.டி.க்குச் செர்ட்ராலின், குடிக்கிற ஆசையைக் குறைக்க நால்ட்ரெக்ஸோன், கெட்ட கனவுக்குப் பிரசோசின். பிரசோசின் ரத்த அழுத்த மாத்திரை என்பதால் காலையில் கட்டிலை விட்டு மெதுவாக எழச் சொன்னார்கள். ஒவ்வொரு மாத்திரையும் எதற்கு என்று நர்ஸ் ஒரு அட்டையில் தமிழில் எழுதிக் கொடுத்தார். அந்த அட்டை இன்னும் எங்கள் சாமி மாடத்தில் இருக்கிறது.

அப்புறம் பேச்சு சிகிச்சை. குடி ஒருவர், விபத்து ஒருவர் என்று பிரிக்கவில்லை. ஒரே மனநல ஆலோசகர், ஒரே அமர்வில் இரண்டையும் பார்த்தார். முதல் பாதியில் இந்த வாரம் எங்கே குடிக்கத் தோன்றியது என்று பேச்சு, மறுபாதியில் விபத்து. ஒரு அமர்வு ஒன்றரை மணி நேரம், மொத்தம் 12 அமர்வு என்று வெளிநாட்டில் வகுத்த முறையாம். விபத்தைக் கிளறினால் குடி கூடிவிடாதா என்று நான் நேராகவே கேட்டேன். எல்லாருக்கும் இருக்கிற பயம்தான், முன்பெல்லாம் டாக்டர்களும் அப்படித்தான் நினைத்தார்கள் என்றார். 2012ல் ஆஸ்திரேலியாவில் 103 பேரை வைத்து வெளிவந்த ஆய்வைப் பற்றிச் சொன்னார். இரண்டையும் சேர்த்துப் பார்த்தவர்களுக்கு அதிர்ச்சியின் தொந்தரவு நன்றாகக் குறைந்திருக்கிறது, குடியோ போதையோ அதனால் கூடவில்லை. அந்தப் பதில் எனக்குத் தெம்பு கொடுத்தது.

கண்ணை மூடிக்கொண்டு, இப்போது நடப்பது போல விபத்தை முதலிலிருந்து கடைசிவரை சொல்ல வேண்டும். அதைப் போனில் பதிவு செய்து கொடுத்துவிடுவார்கள், தினமும் வீட்டில் கேட்க வேண்டும். தம்பி தோட்டத்துச் சாளையில் உட்கார்ந்து கேட்பான். முதலில் வேர்த்துக் கொட்டும், சட்டை நனைந்துவிடும். நாள் போகப் போக, கேட்டுக்கொண்டே மாட்டுக்குத் தட்டு வெட்டுகிற அளவுக்கு வந்தான்.

அடுத்து, பயந்து ஒதுங்கிய இடங்களுக்குப் படிப்படியாகப் போவது. லாரிப் பட்டறை வாசலில் நின்று ஏர் பிரேக் சத்தம் கேட்பது, நிறுத்தி வைத்த வண்டியின் கேபினில் உட்காருவது, கடைசியில் தொப்பூர் இறக்கம். துணைக்கு நான் போனேன். ஆலோசகர் எனக்கு ஒரே கட்டளை போட்டார்: "தைரியம் சொல்லாதீங்க, பேச்சை மாத்தாதீங்க. பயம் நூத்துக்கு எவ்வளவுன்னு மட்டும் கேளுங்க."

தர்மபுரியில் சேலம் பஸ் ஏறினோம். ஜன்னல் ஓரம் அவன். இறக்கம் ஆரம்பித்ததும் முன் சீட்டுக் கம்பியை இரண்டு கையாலும் பிடித்தான். எவ்வளவு கண்ணு என்றேன். "எம்பது அக்கா." இரட்டைப் பாலம் வரும்போது தொண்ணூறு என்றான், குரல் வரவில்லை, உதடுதான் அசைந்தது. கண்டக்டர் வந்து, "வாந்தி வருதுங்களா, எலுமிச்சம்பழம் வேணுங்களா?" என்றார். தம்பி வேண்டாம் என்று தலையாட்டினான். கண்ணை மட்டும் மூடவே இல்லை. விபத்து நடந்த இடத்தை முழுசாகப் பார்த்தான். இறக்கம் முடிந்து ரோடு சமமானதும் கேட்டேன். "அம்பது அக்கா. கொறையுது." அடுத்த முறை போனபோது அறுபதில்தான் ஆரம்பித்தது.

ஆண்கள் மட்டும் உட்காரும் குழுக் கூட்டம் வாரம் ஒருமுறை. அங்கே பேசியதை வெளியே சொல்லக்கூடாது என்பதால் தம்பி எங்களிடம் அதிகம் சொன்னதில்லை. ஒரு முன்னாள் ராணுவத்துக்காரர், ஒரு மில் தொழிலாளி எல்லாரும் இருந்தார்கள் என்பது மட்டும் தெரியும். ஆம்பளை அழக்கூடாது என்று வளர்ந்த ஒருத்தன், இன்னொரு ஆம்பளை அழுவதைப் பார்த்துவிட்டு வந்த அன்றைக்கு, பஸ்ஸில் ஈரோடு வரைக்கும் விடாமல் பேசிக்கொண்டே வந்தான்.

ஆடிப்பெருக்கன்று பவானி கூடுதுறைக்குப் போன இடத்தில் கூட்டாளிகளோடு குடித்துவிட்டான். மறுநாள் போன் செய்தேன். பழைய இல்லமாக இருந்தால் திட்டி, மறுபடியும் பூட்டி வைத்திருப்பார்கள். இங்கே, "மருந்து சாப்பிடறாரா? அடுத்த அமர்வுக்கு வரச் சொல்லுங்க" என்றார்கள். அந்த அமர்வில், குடிப்பதற்கு முன்னால் என்ன நடந்தது என்று பின்னோக்கிப் போய்த் தேடினார்கள். ஆற்றில் ஒரு பையன் முங்கி எழத் தாமதமானதைப் பார்த்திருக்கிறான். அங்கேதான் ஆரம்பித்திருக்கிறது. குடியை மட்டும் பார்க்கிறவர்களுக்கு இந்த முடிச்சு கிடைத்திருக்காது.

குறையும் இருக்கிறது. ஒரு அமர்வுக்கு 1,200 ரூபாய், மருந்து தனி. டிரைவர் குடும்பத்துக்கு இது பாரம்தான். ஆலோசகர்கள் குறைவு என்பதால் தேதி தள்ளிப்போகும், தள்ளிப்போனால் போன்கூட வராது, நாம்தான் கேட்க வேண்டும். சேர்க்கைப் படிவம் முழுக்க ஆங்கிலம். கூட வரும் பெண்கள் உட்கார வெயில் படுகிற வராண்டாதான், கழிப்பறை வேறு கட்டடத்தில். அதைவிடப் பெரிய குறை, மனைவிக்கென்று தனியாக நேரம் ஒதுக்குவதில்லை. தம்பி சம்சாரம் இத்தனை நாள் ராத்திரியில் என்ன பட்டாள் என்று யாரும் அவளைக் கேட்கவில்லை. நான் எழுதிக் கொடுத்த பிறகும் "பார்க்கிறோம்" என்ற பதில்தான். சாப்பாடு பரவாயில்லை, அரிசிம்பருப்புச் சாதம் போடுகிற நாளில் தம்பி இரண்டாவது தடவை கேட்டு வாங்குவான்.

கோவை வரை போக முடியாதவர்கள் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளின் மனநலப் பிரிவில் கேட்டுப் பாருங்கள், சேலத்திலும் இருக்கிறது. டெலிமானஸ் என்கிற அரசு மனநல உதவி எண் 14416ல் எந்த நேரமும் இலவசமாகப் பேசலாம், தமிழில் பதில் சொல்வார்கள். எங்கே சேர்த்தாலும் டாக்டர் தினமும் வருவாரா, விபத்துக்கும் இவர்களே வைத்தியம் பார்ப்பார்களா, மறுபடி குடித்துவிட்டால் என்ன செய்வார்கள் என்று கேட்டுவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். 2017 மனநலப் பராமரிப்புச் சட்டப்படி நோயாளியைச் சங்கிலியில் கட்டக்கூடாது, வீட்டாரோடு போனில் பேச அவருக்கு உரிமை உண்டு. குடிக்கிறவருக்குத் தெரியாமல் குழம்பில் கலந்து கொடுக்கச் சொல்லி யாராவது மாத்திரையோ பொடியோ கொடுத்தால் வாங்காதீர்கள். அதில் குடியை நிறுத்தக் கொடுக்கிற டைசல்ஃபிரம் மருந்து இருக்கலாம், அது உள்ளே இருக்கும்போது குடித்தால் நெஞ்சு படபடத்து ரத்த அழுத்தம் இறங்கி ஆளே போய்விடலாம். அதை நோயாளிக்குச் சொல்லி, அவர் சம்மதத்தோடு டாக்டர்தான் கொடுக்க வேண்டும்.

தம்பி இன்னும் லாரி ஓட்டவில்லை, ஓட்டுவானா என்பதை அவன்தான் முடிவு செய்ய வேண்டும். இப்போதைக்கு எங்கள் ஆபீஸிலேயே லோடு இறக்கிற இடத்தில் மேற்பார்வை பார்க்கிறான். கட்டில் சட்டத்தை மிதிப்பது நின்றுவிட்டது என்று தம்பி சம்சாரம் சொன்னாள்.