நெல்லைப் பக்கத்தில் அட்டைப் பெட்டி: நெடுநாள் பயன்பாட்டில் தெரிந்தவை

அட்டைப் பெட்டியைக் கெடுப்பது வெயில் அல்ல, ஈரம். சித்திரை வெயிலில் பரண்மேல் கிடந்தாலும் விறைப்பாக நிற்கும் பெட்டி, ஐப்பசி கார்த்திகை அடைமழையில் வீட்டுக்குள் இருந்தே தளர்ந்துவிடும். தென்காசி, செங்கோட்டைப் பக்கம் ஆனி ஆடிச் சாரலும் சேர்ந்துகொள்ளும். காகித நார் காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கிறது. உள்ளே அலையாக ஓடும் நெளியையும் மேல்தாளையும் ஒட்டியிருக்கும் மாவுப் பசையும் இளகுகிறது. ஈரப்பதம் 90 சதவீதத்தை நெருங்கினால் பெட்டியின் தாங்குதிறன் ஏறக்குறைய பாதியாகிவிடும். எந்தப் பயன்பாட்டுக்கும் முதலில் இதைக் கணக்கில் வைக்க வேண்டும்.

அடுத்தது நெளியின் திசை. விளிம்பை உற்றுப் பார்த்தால் இரண்டு தாளுக்கு நடுவே அலை அலையாக ஒரு தாள் ஓடும். அந்தக் குழல்கள் மேலிருந்து கீழாக நிற்கும்போதுதான் பெட்டி பாரம் தாங்கும். அதே பெட்டியைப் பக்கவாட்டில் படுக்கவைத்து அலமாரியாக அடுக்கினால் சில மாதங்களில் நடுவில் தொய்ந்துவிடும். பாரத்தில் பெரும்பங்கை நான்கு மூலைகள் சுமக்கின்றன. சுவரின் நடுப்பகுதி வெளியே பிதுங்கத்தான் செய்யும். ஆகவே அடுக்கும்போது மூலைமேல் மூலை நேராக உட்கார வேண்டும். செங்கல் கட்டுவதுபோல் மாற்றி மாற்றி அடுக்குவது உறுதியாகத் தோன்றும். ஆனால் மேல்பெட்டியின் மூலை கீழ்ப்பெட்டியின் பலவீனமான நடுச்சுவரில் இறங்குவதால் முதலில் சரிவது அந்த அடுக்குதான்.

வீட்டுத் தேவைக்கு மூன்று பிளைப் (மூன்று தாள் அடுக்கு) பெட்டியில் பத்துக் கிலோவுக்கு மேல் போடாதீர்கள். புத்தகம், பித்தளைப் பாத்திரம் என்றால் ஐந்து பிளை வேண்டும். மருந்துக்கடைப் பெட்டி சுத்தமாக இருக்கும், ஆனால் மெலிசு. ஆப்பிள் பெட்டி கனமானது, காற்றுத் துளையும் இருப்பதால் சின்ன வெங்காயத்துக்கும் பூண்டுக்கும் பொருத்தம். இரண்டு விரற்கடை உயரத்துக்கு மேல் குவிக்காமல் பரப்பி வைத்தால் போதும். பூச்சிமருந்து வந்த பெட்டியை எந்த வேலைக்கும் எடுக்கக் கூடாது. அல்வாக் கடைப் பெட்டி நெளி இல்லாத வெற்று அட்டை. நெய் ஊறிவிட்டால் மறுசுழற்சிக்கும் ஆகாது, எறும்பும் சேரும்.

நவராத்திரிக் கொலுப்படிக்கு ஏ4 தாள் பெட்டிகளை விஞ்ச எதுவும் இல்லை, எல்லாம் ஒரே அளவு என்பதால். மூன்று பெட்டி அகலத்தில் ஐந்து படி கட்ட 45 பெட்டி வேண்டும். மூன்று படி போதுமென்றால் 18. முதல் வரிசையில் ஓரடுக்கு, அதன் பின்னால் ஈரடுக்கு என்று உயர்த்திக்கொண்டே போக வேண்டும். மூடியை ஒட்டி மூடிய காலிப்பெட்டியே பாரம் தாங்கும். ஒவ்வொரு படிமேலும் ஒரு முழு அட்டையையோ பலகையையோ விரித்துவிட்டால் எடை சுவர்களுக்குப் பிரிந்து போகும். கனத்த மண்பொம்மையை மூடியின் நடுவில் வைத்தால் அமுங்கும். பெட்டிகள் சேரும் கோட்டின்மேல் வையுங்கள். பிரவுன் டேப்பை நம்ப வேண்டாம், வெக்கையில் பசை காய்ந்து தானே உரிந்து விழும். ஒரு பங்கு மைதாவை ஐந்து பங்கு தண்ணீரில் காய்ச்சிய பசையும் காகிதப் பட்டையும் நெடுநாள் பிடிக்கும். பூச்சி வராமல் பசையில் ஒரு சிட்டிகை மயில்துத்தம் (காப்பர் சல்பேட்) சேர்ப்பது பழைய வழக்கம். அது நஞ்சு, குழந்தைகளும் கோழிக்குஞ்சும் புழங்கும் பெட்டியில் சேர்க்காதீர்கள்.

அதிகம் பேர் அறியாத, ஆனால் மிக நன்றாக உழைக்கும் பயன் கோழிக்குஞ்சு வளர்ப்பு. பிரிட்ஜ் வந்த பெட்டியை ஒரு முழ உயரத்துக்கு வெட்டினால் இருபது நாட்டுக்கோழிக் குஞ்சுகளுக்கு முதல் இரண்டு வாரம் போதும். மூலைகளை அப்படியே விடக் கூடாது. குளிரில் குஞ்சுகள் மூலையில் ஒன்றன்மேல் ஒன்று ஏறி, அடியில் இருப்பது மூச்சுமுட்டிச் சாகும். நான்கு மூலையிலும் அட்டைப் பட்டையை வளைத்துச் செருகி உட்புறத்தை வட்டமாக்க வேண்டும்.

தரைக்கு உமி இரண்டு விரற்கடை. முதல் மூன்று நாள் குஞ்சு உமியைத் தின்னும், அதனால் மேலே ஒரு விரிப்பு வேண்டும். செய்தித்தாள் வழுக்கும், கால் இரண்டு பக்கமும் விரிந்து குஞ்சு முடமாகும். இதற்கு நெளி அட்டையே மருந்து. ஒரு பக்கத் தாளை லேசாக நனைத்து உரித்தால் அலைமுகம் வெளியே வரும். அதை நன்றாகக் காயவைத்து விரித்தால் குஞ்சின் கால் பிடித்து நிற்கும். நெளிப்பக்கம் மேலே இருக்க வேண்டும்.

சூட்டுக்கு 60 வாட் குண்டு பல்பு. எல்.இ.டி. பல்பில் வெளிச்சம் உண்டு, குஞ்சுக்குத் தேவையான சூடு இல்லை. பல்புக்கும் அட்டைக்கும் எந்தப் பக்கமும் ஒரு அடிக்குக் குறையக் கூடாது. வயரில் மட்டும் தொங்கவிடாமல் கட்டுக்கம்பியால் குறுக்குச் சட்டத்தில் இறுக்குங்கள். விழுந்தால் தீப்பிடிக்கும். முதல் வாரம் குஞ்சு மட்டத்தில் 35 டிகிரி, பிறகு வாரத்துக்கு மூன்று டிகிரி குறைத்தால் சரி. சித்திரை வைகாசியில் பகலில் பல்பே தேவைப்படாது. தெர்மாமீட்டர் இல்லாவிட்டாலும் குஞ்சைப் பார்த்தால் தெரியும்: பல்படியில் ஒட்டிக் கிடந்தால் குளிர், சுவரோரம் ஒதுங்கி வாய்பிளந்தால் சூடு. தண்ணீர்த் தட்டை ஓட்டுத் துண்டின்மேல் வையுங்கள். பெட்டி முதலில் இற்றுப்போவது அந்த இடத்தில்தான். மேலே வலை கட்டாயம். காகம், பூனை, எலி மூன்றுக்கும் அட்டை ஒரு தடையே அல்ல. வேலை முடிந்ததும் உமி, எச்சம், அட்டை எல்லாமே எருக்குழிக்குப் போகலாம்.

ஈரத்தில் இற்றுப்போவதே நன்மையாகும் இடம் தோட்டம். வாழை, முருங்கை, எலுமிச்சை அடியில் மூடாக்காகப் போட, டேப்பையும் பின்னையும் பிடுங்கிவிட்டு, பளபளப்புப் பூச்சுள்ள பெட்டிகளை ஒதுக்கிவிடுங்கள். மண்ணை நனைத்து, அட்டையையும் ஊறவைத்து, ஓரங்கள் ஒரு சாண் ஒன்றன்மேல் ஒன்று ஏறும்படி விரித்து, மேலே வாழைச்சருகு அரையடி. தண்டிலிருந்து ஒரு சாண் தள்ளி நிறுத்த வேண்டும், ஒட்டினால் தண்டு அழுகும். காய்ந்த அட்டையை விரித்தால் தண்ணீர் மேலோடு ஓடிவிடும். ஆடிக்காற்று அதைப் பக்கத்து வயலுக்கே கொண்டுபோய்ச் சேர்க்கும். சாதாரணக் களைகள் வெளிச்சம் இல்லாமல் சாகும். கோரைக்கு இது பலிக்காது. கூர்முனையால் அட்டையைக் குத்திக்கொண்டு வெளியே வரும். அருகும் ஓரம் வழியே ஊர்ந்து வந்துவிடும். செம்மண் நிலத்தில் செல் (கரையான்) தேடி வரும் என்பதால் வீட்டுச் சுவருக்கும் மரத்தூணுக்கும் பக்கத்தில் இந்த மூடாக்கு வேண்டவே வேண்டாம்.

எருக்குழிக்கு உள்ளங்கை அளவு துண்டுகளாகக் கிழித்து இரவு ஊறவைத்துப் போடுங்கள். அட்டையில் கரிச்சத்து (கார்பன்) மிகுதி, தழைச்சத்து மிகக் குறைவு. தனியாகப் போட்டால் மாதக்கணக்கில் அப்படியே கிடக்கும்; காய்கறிக் கழிவோ சாணமோ சேர்ந்தால்தான் மக்கும். முழு அட்டையாகப் போட்டால் காற்று புகாமல் நாறும்.

சேமித்து வைப்பவர்கள் பெட்டியைப் பிரித்துத் தட்டையாக்கி, செங்கல்மேல் பலகை போட்டு, சுவரிலிருந்து நான்கு விரல் தள்ளி வையுங்கள். மளிகைக்கடைப் பெட்டியின் நெளிக் குழல்களிலும் அடிமடிப்பிலும் கரப்பான் முட்டைக்கூடு ஒளிந்து வரும். உள்ளே எடுக்கும்முன் மடிப்புகளை விரித்து, தட்டட்டியில் (மொட்டைமாடியில்) நடுப்பகல் வெயிலில் போட்டுத் தட்டி எடுக்க வேண்டும். காய்ந்த வேப்பிலை ஓரளவுக்கு உதவும், செல்லைத் தடுக்காது. அடுப்படியில் மட்டும் எந்தப் பெட்டியையும் நிரந்தரமாக வைக்க வேண்டாம். மிஞ்சுவதை ஐப்பசிக்கு முன்பே ஆக்கர் கடையில் (பழைய பொருள் வாங்கும் கடை) போட்டுவிடுங்கள். மழையில் நனைந்த அட்டைக்கு எடையில் கழிப்பார்கள், சில கடைகளில் எடுக்கவே மாட்டார்கள்.