புல்லட்டும் புல்லட்காரர்களும்: கம்பெனி சைலன்சரோடு ஓட்டிய அனுபவம்

ராயல் என்பீல்டு புல்லட் 350 வண்டியின் விவரங்களை நான் இங்கே அடுக்கப் போவதில்லை. 349 சிசி இன்ஜின், 20 குதிரைத்திறனை ஒட்டிய சக்தி, நிமிடத்துக்கு 4000 சுற்றில் 27 நியூட்டன் மீட்டர் இழுவிசை, 195 கிலோ எடை என்பதெல்லாம் வாங்க நினைக்கும் எவருக்கும் ஏற்கெனவே மனப்பாடமாக இருக்கும். 2025 செப்டம்பர் 22 முதல் 350 சிசி வரையிலான இருசக்கர வாகனங்களுக்கு ஜிஎஸ்டி 28 சதவீதத்திலிருந்து 18 சதவீதமாகக் குறைந்ததிலிருந்து, என்னிடம் வந்து விசாரிப்பவர்களின் எண்ணிக்கையும் கூடிவிட்டது. ஆனால் அவர்கள் கேட்பது மைலேஜைப் பற்றியோ உதிரிபாகங்களின் விலையைப் பற்றியோ அல்ல. வண்டியைச் சுற்றி ஒரு தடவை நடந்துவிட்டு, பின்சக்கரத்தின் அருகே குனிந்து பார்த்துவிட்டு, “இன்னும் கம்பெனி சைலன்சர்தானா?” என்கிறார்கள். வண்டியோடு வந்ததைக் கழற்றிவிட்டு, சத்தம் பெரிதாகக் கேட்கும் வேறொன்றை இன்னும் மாட்டவில்லையா என்பது அதன் பொருள். 2023 இறுதியில் வண்டியை எடுத்ததிலிருந்து என்னை விடாமல் உறுத்திக்கொண்டிருக்கும் கேள்வி இது ஒன்றுதான்.

நம் ஊரில் ஒருவர் ஓட்டும் வண்டியைப் பார்த்தே அவருடைய குணத்தை எழுதிவிடுவது வெகுகாலப் பழக்கம். ஸ்பிளெண்டர் என்றால் குடும்பஸ்தர், டிவிஎஸ் எக்ஸ்எல் என்றால் காய்கறி மூட்டை ஏற்றுபவர், ஆர்எக்ஸ் 100 என்றால் சங்கிலி பறிப்பவன், டியூக் என்றால் புள்ளிங்கோ. புல்லட்டுக்கோ போலீஸ், மிராசுதார், கட்சிக்காரர், ஜிம்முக்குப் போகிறவர் என்று ஒரு நீண்ட வரிசையே உண்டு. இந்த வரிசையில் எதிலும் சேராத ஒரு தணிக்கை அலுவலகப் பணியாளன், நிதானமாக ஓட்டுகிறவன், ஹாரனைக்கூட அதிகம் தொடாதவன் புல்லட்டில் வந்தால், பார்ப்பவர்களுக்கு ஏதோ பொருந்தவில்லை. அந்தப் பொருத்தமின்மைக்கு மருந்தாகத்தான் எல்லோரும் சைலன்சரைப் பரிந்துரைக்கிறார்கள். பஞ்சர் ஒட்டப்போன இடத்தில் மெக்கானிக் ஒருவர், “சார், புல்லட்டுன்னா நாலு தெருவுக்குக் கேக்கணும் சார். நீங்க வந்ததே எனக்குத் தெரியல” என்று உண்மையான வருத்தத்தோடு சொன்னார். நான் வந்தது அவருக்குத் தெரியாமல் போனதுதான் இந்த வண்டியின் சிறப்பு என்பதை அவருக்குப் புரியவைக்க என்னால் முடியவில்லை.

இந்தச் சத்தத்தின் மீதுள்ள பற்று எங்கிருந்து வந்தது என்பதை மரியாதையோடு பார்க்க வேண்டும் என்று நினைக்கிறேன். 1950களில் எல்லைக் காவலுக்காக இந்திய ராணுவம் புல்லட்டைத் தேர்ந்தெடுத்தது. 1955இல் மெட்ராஸ் மோட்டார்ஸ் நிறுவனம் இங்கிலாந்தின் ரெடிச் நகரத்து ராயல் என்பீல்டு நிறுவனத்தோடு சேர்ந்து என்பீல்டு இந்தியாவைத் தொடங்கியது. திருவொற்றியூரில் தொழிற்சாலை வந்தது. 1970இல் இங்கிலாந்தில் உற்பத்தி நின்றுபோன பிறகும் வடசென்னையில் அது நிற்கவில்லை. அந்தப் பழைய வார்ப்பிரும்பு இன்ஜினில் பிஸ்டனின் விட்டம் 70 மில்லிமீட்டர், அது மேலும் கீழும் பயணிக்கும் தூரம் 90 மில்லிமீட்டர். அதிக நீளம் பயணிக்கும் ஒற்றைப் பிஸ்டன், கனமான பறப்புச் சக்கரம் (ஃபிளைவீல்), குறைந்த வேகச் சுழற்சி ஆகிய மூன்றும் சேரும்போது ஒவ்வொரு வெடிப்பும் காதுக்குத் தனித்தனியாகக் கேட்கும். அந்தத் தாளம் இன்ஜினின் அமைப்பிலிருந்து தானாக எழுந்தது. யாரும் அதைக் கூட்டிக் காட்டுவதற்காகச் செய்யவில்லை. அப்பாவையோ மாமாவையோ அந்தச் சத்தத்தை வைத்தே அடையாளம் கண்டுகொண்டு வாசலுக்கு ஓடி வந்த பிள்ளைகள் இன்று நாற்பதைத் தாண்டியிருக்கிறார்கள். அவர்களுடைய பற்றை நான் குறை சொல்ல மாட்டேன்.

ஆனால் பற்று என்பது ஒரு கட்டத்தில் வண்டியையே பகைத்துக்கொள்கிறது. கியர் வலக்காலிலிருந்து இடக்காலுக்கு மாறியபோது, “இனி இது புல்லட்டே இல்லை” என்றார்கள். செல்ஃப் ஸ்டார்ட் வந்தபோதும் அதையே சொன்னார்கள். கியர்பாக்ஸும் இன்ஜினும் ஒரே கூட்டுக்குள் வந்த யூசிஇ இன்ஜினுக்கும் அதே தீர்ப்புத்தான். 2023இல் புல்லட்டுக்கு வந்த ஜே வரிசை இன்ஜினில் அதிர்வைச் சமன்செய்யும் பேலன்சர் தண்டு இருக்கிறது, கிக்கர் இல்லை. எனவே இப்போது அதன் மீது சுமத்தப்படும் குற்றம், ‘ஹோண்டா மாதிரி ஆயிடுச்சு’ என்பது. 2000ஆம் ஆண்டை ஒட்டி இந்த நிறுவனத்தை மூடிவிடலாமா என்ற பேச்சு எழுந்ததையும், மாற்றங்களைச் செய்துதான் அது பிழைத்தது என்பதையும் இவர்கள் நினைத்துப் பார்ப்பதில்லை. மறுபக்கத்தில், 2017இல் பஜாஜ் நிறுவனம் டாமினார் வண்டிக்காக எடுத்த விளம்பரங்களில் யானை மீது ஊர்ந்து வருபவர்களைக் காட்டி என்பீல்டுக்காரர்களைக் கிண்டல் செய்தபோது, அதே ஆட்கள் ஒன்றுதிரண்டு கொதித்தார்கள். வீட்டுக்குள் குறை சொல்லிக்கொண்டே இருப்பார்கள், வெளியார் சொன்னால் பொறுக்க மாட்டார்கள். எனக்கு அந்த இரண்டாவது குணம் பிடிக்கும். அந்த விளம்பரத்தைப் பார்த்தபோது, அப்போது புல்லட் இல்லாத எனக்கே கோபம் வந்தது.

வண்டியின் நிறைகளைச் சொல்கிறேன். நெரிசலில் மூன்றாவது கியரில் இருபத்தைந்து கிலோமீட்டர் வேகத்தில் போகும்போது ஆக்சிலேட்டரை லேசாகத் திருகினாலே திணறாமல் இழுத்துக்கொண்டு போகிறது. 4000 சுற்றிலேயே முழு இழுவிசையும் கிடைத்துவிடுவதால் கியரை அடிக்கடி மாற்ற வேண்டியதில்லை. கொளத்தூரிலிருந்து பாரிமுனை வரை தினமும் போகிறவனுக்கு இடக்கை மணிக்கட்டு வலிக்காமல் இருப்பது சிறிய விஷயமல்ல. செஞ்சியைத் தாண்டித் திருவண்ணாமலை போகும் சாலையில் ஐந்தாவது கியரில் அறுபத்தைந்து, எழுபது என்று போகும்போது இன்ஜின் தன் இயல்பான மூச்சில் ஓடுகிறது. தொண்ணூறைத் தாண்ட இதற்கு விருப்பமில்லை. அதைத் தாண்ட விரும்புபவர்கள் வேறு வண்டி பார்க்கட்டும். ஊருக்குள் போகும்போது பின்னிருக்கையில் இருக்கும் என் மனைவி சாதாரணக் குரலில் பேசுவது எனக்குக் கேட்கிறது. அவருடைய அண்ணனின் வண்டியில் சைலன்சரை மாற்றியதிலிருந்து அண்ணியார் பேசுவதையே விட்டுவிட்டு, இறங்கிய பிறகு சொல்லிக்கொள்ளலாம் என்று உட்கார்ந்திருக்கிறார்.

இன்னொரு சிறு மகிழ்ச்சி பெட்ரோல் டேங்கின் மீதிருக்கும் கோடு. கையால் தங்க நிறக் கோடு இழுக்கும் வழக்கம் இன்றும் தொடர்வது பலருக்குத் தெரியும். சைலன்சரைத் துடைக்கக் குனியும்போதெல்லாம் அந்தக் கோட்டையும் பார்ப்பேன். டேங்கின் வளைவு தொடங்கும் இடத்தில் தூரிகை அழுந்திய தடிப்பும், முடியும் இடத்தில் மயிரிழையாக மெலிந்து நிற்கும் நுனியும் விரல் நகத்தால் தடவினால் தெரிகின்றன. இடப்பக்கக் கோட்டுக்கும் வலப்பக்கக் கோட்டுக்கும் ஒரு நூலளவு வித்தியாசம் இருக்கிறது. இவ்வளவு அடக்கமான வேலைப்பாடு கொண்ட வண்டிக்குப் பின்னால் ஒரு பீரங்கிக் குழாயை மாட்டுவதற்கு எப்படித்தான் மனம் வருகிறதோ.

சைலன்சருக்கே திரும்புகிறேன். ‘பஞ்சாப்’, ‘இந்தோரி’, ‘ஷார்ட் பாட்டில்’ என்று பல பெயர்களில் விற்கப்படும் இவற்றில் பெரும்பாலானவை உள்தடுப்புகள் குறைக்கப்பட்ட அல்லது அறவே இல்லாத குழாய்கள். 175 சிசிக்கு மேற்பட்ட மோட்டார் சைக்கிள்களுக்கு நம் நாட்டில் விதிக்கப்பட்ட ஒலி வரம்பு 80 டெசிபல். டெசிபல் கணக்கில் பத்து கூடினால் ஒலியின் ஆற்றல் பத்து மடங்காகிறது என்பதை நினைவில் வைத்தால், தடுப்பில்லாத குழாய் ஒரு குறுகலான தெருவில் என்ன செய்யும் என்பது விளங்கும். மேலும் இப்போதைய வண்டிகளில் பெட்ரோல் அளவை நிர்ணயிப்பது கார்புரேட்டர் அல்ல. கம்பெனி சைலன்சருக்கென்று கணக்கிடப்பட்ட ஃபியூயல் இன்ஜெக்‌ஷன். குழாயை மாற்றினால் காற்றுக்கும் பெட்ரோலுக்கும் உள்ள விகிதம் பிசகி, ஆக்சிலேட்டரை விடும்போது படபடவென்று வெடிக்கிறது. இன்ஜின் தன் கோளாறைச் சொல்லும் அந்த வெடிப்பைத்தான் பலர் கம்பீரம் என்று கொண்டாடுகிறார்கள். மோட்டார் வாகனச் சட்டத்தின் 190(2) பிரிவின்படி ஒலிக் கட்டுப்பாட்டு விதியை மீறினால் முதல் முறையே பத்தாயிரம் ரூபாய் வரை அபராதமும் மூன்று மாதம் வரை சிறையும் விதிக்கலாம். 2023இல் விசாகப்பட்டினத்தில் காவல்துறையினர் பறிமுதல் செய்த நூற்றுக்கணக்கான சைலன்சர்களைச் சாலையில் பரப்பி ரோடு ரோலரை ஏற்றினார்கள். அந்தப் படத்தைப் பார்த்தபோது எனக்கு நிறைவாகத்தான் இருந்தது. ஆனால் மாட்டியவரைப் பிடிக்கிற வேகம் விற்றவரைப் பிடிப்பதில் இல்லையே என்ற ஆற்றாமையும் கூடவே எழுந்தது.

புல்லட் என்றாலே சத்தம் என்ற இந்த முத்திரையால் யாருக்கு இழப்பு என்பதையும் சொல்ல வேண்டும். வாகனச் சோதனையில் முதலில் ஓரங்கட்டப்படுவது பெரும்பாலும் நான்தான். போக்குவரத்துக் காவலர் ஒருவர் சைலன்சரின் மேலிருந்த அச்சைத் தடவிப் பார்த்துவிட்டு, “ஒரிஜினலா? பரவால்லயே, போங்க” என்றார். அவர்மேல் எனக்குக் கோபமில்லை; அவர் நாள் முழுக்கப் பார்ப்பது அப்படிப்பட்ட வண்டிகளைத்தான். இதே வண்டியை என் அக்கா மகள் ஓட்டிக்கொண்டு போனால், அடுக்கக வாசலில், “அப்பா வண்டியாம்மா?” என்று கேட்கிறார்கள். சென்டர் ஸ்டாண்ட் போட அவளுக்கு யாருடைய உதவியும் தேவையில்லை. கால் கட்டைவிரல் பக்கத்தை ஸ்டாண்டின் முனையில் ஊன்றி, உடம்பின் முழு எடையையும் அதன்மேல் இறக்கினால் 195 கிலோவும் தானாக ஏறி உட்காருகிறது; கையால் இழுக்க முயலும் ஆண்கள்தான் முதுகைப் பிடித்துக்கொள்கிறார்கள். ஞாயிறு காலைகளில் கிழக்குக் கடற்கரைச் சாலையில் மாமல்லபுரம் வரை போகும் ஒரு குழுவோடு சில வாரங்கள் போனேன். நல்ல மனிதர்கள், ஒருவருக்குப் பஞ்சர் என்றால் அனைவரும் நிற்பார்கள். ஆனாலும் என் வண்டி படத்தில் நன்றாக இருக்கிறது, காணொளியில் நன்றாக இல்லை என்று சொன்னார்கள். சத்தம் சேராததால் வரிசையின் கடைசியில் வரச் சொன்னார்கள். அதற்குப் பிறகு நான் போகவில்லை.

இந்தப் பின்னணியில்தான் என் நண்பர் கேட்டார். அரசுப் பள்ளியில் கணக்கு ஆசிரியர். விலை குறைந்திருக்கிறதே, புல்லட் எடுக்கலாமா என்பது அவர் கேள்வி. இதுவரை எழுதியதையெல்லாம் கூட்டிப் பார்த்தால் எடுக்கலாம் என்றுதான் நான் சொல்லியிருக்க வேண்டும். ஆனால் வேண்டாம் என்று சொன்னேன். ஹோண்டா சிபி 350 நல்ல வண்டி, அதைப் பாருங்கள் என்றேன். அதற்கு முந்தைய இரவு பதினொன்றரை மணிக்கு எங்கள் தெருவில் ஒரு புல்லட் வெடித்துக்கொண்டே போயிற்று. எதிர்வீட்டில் இதய அறுவைச் சிகிச்சை முடிந்து வந்த பெரியவர் எழுந்து உட்கார்ந்துவிட்டதாகக் காலையில் அவருடைய மருமகள் என்னிடம் வந்து சொன்னார். நான்தான் போனேன் என்று அவர் நினைத்திருக்கிறார். இரவு எட்டு மணிக்கே வண்டியைப் பூட்டிவிட்டேன் என்று வாசலில் நின்று விளக்க வேண்டியிருந்தது. வண்டியில் ஒரு குறையும் இல்லாமல், அதை ஓட்டுகிறவர்களின் பெயரால் அண்டை வீட்டாரிடம் விளக்கம் சொல்ல வேண்டிய நிலை என் நண்பருக்கும் வர வேண்டுமா? அந்தக் காலை நேரத்தில் என்னால் வேறு பதில் சொல்ல முடியவில்லை. இன்று கேட்டாலும் அதையேதான் சொல்வேன்.

அவர் கேட்கவில்லை. கறுப்பு நிறத்தில், கோடு போட்ட டேங்க் உள்ள வண்டிக்கு முன்பணம் கட்டிவிட்டார். எனக்கு அதில் மகிழ்ச்சிதான். வண்டி இன்னும் கைக்கு வரவில்லை, அதற்குள் அவருடைய உறவுக்காரப் பையன் ஒரு சைலன்சர் கடையின் விலாசத்தை அவருக்கு அனுப்பியிருக்கிறான். வண்டி எடுக்கும் நாளில் நானும் உடன் போகிறேன். அந்தப் பையனையும் வரச் சொல்லியிருக்கிறேன். என் வண்டியைச் செங்குன்றம் வரை அவனையே ஓட்டச் சொல்லிப் பின்னால் உட்கார்ந்து பேசிக்கொண்டு போவதாக ஏற்பாடு.