கவிழ்ந்த பிறகு தண்டனையா, கவிழும் முன்னே கணக்கா?

டச்பே மணலில் பின்னேரம் பந்தடித்துவிட்டு, வேர்வை காயும்வரை அங்கேயே உட்கார்ந்திருப்போம். அந்த நேரத்துக்கென்றே வருடக்கணக்காக முடியாத வழக்கு ஒன்று எங்களிடம் இருக்கிறது. 2012 இல் ஸ்கொட்லாந்தின் உதைபந்தாட்டக் கழகம் கிளாஸ்கோ ரேஞ்சர்ஸ் வங்குரோத்தானபோது அதை நாலாம் பிரிவுக்கு இறக்கினார்களே, அது சரியா பிழையா?

திருகோணமலையில் இருப்பவர்களுக்கு ஸ்கொட்லாந்துக் கழகத்தில் என்ன அக்கறை என்று கேட்கலாம். என் பெரியம்மாவின் மகன் கிளாஸ்கோவில் இருக்கிறார். போன முதல் குளிர்காலத்திலேயே கூட வேலை செய்தவர்கள் அவரை ஐப்ரொக்ஸ் மைதானத்துக்குக் கூட்டிக்கொண்டு போனார்கள். அன்றிலிருந்து அண்ணா ரேஞ்சர்ஸ்காரர். எதிர்த்தரப்பு கிண்ணியாவிலிருந்து வரும் எங்கள் நானா. முழங்கால் விடும்வரை பின்வரிசையில் விளையாடியவர், சட்டம் என்றால் எல்லாருக்கும் ஒரே சட்டம் என்பவர். போனை ஸ்பீக்கரில் போட்டு நடுவில் வைத்தால் போதும், இருட்டும்வரை இரண்டு பேரும் விடமாட்டார்கள். இவர்களைக் கேட்டுக் கேட்டு எனக்கென்று ஒரு முடிவு வந்திருக்கிறது. அதைச் சொல்ல, ஒவ்வொரு நாடும் இந்தச் சிக்கலை எப்படிக் கையாள்கிறது என்று பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும்.

கழகங்களே நீதிபதி: ஸ்கொட்லாந்து

அதுவரை 54 தடவை ஸ்கொட்லாந்துச் சம்பியனான கழகம் ரேஞ்சர்ஸ். 2011 மே மாதம் அதன் பெரும்பான்மைப் பங்கை கிரெய்க் வைட் என்பவர் 1 பவுண்டுக்கு வாங்கினார். கழகத்தின் வங்கிக் கடனை அடைப்பதும் அந்த ஏற்பாட்டில் ஒரு பகுதி. அதற்கான காசு, இனிவரும் வருடங்களின் சீசன் டிக்கெட்டுகளை டிக்கெட்டஸ் என்ற நிறுவனத்துக்கு முன்கூட்டியே விற்றதிலிருந்து வந்தது. அண்ணா இன்னும் வாங்காத டிக்கெட்டின் காசு, அண்ணாவுக்கே தெரியாமல் செலவாகிவிட்டது. கூடவே, சம்பளத்தில் பிடித்து அரசாங்கத்துக்குக் கட்ட வேண்டிய வரியும் கட்டப்படவில்லை.

2012 பெப்ரவரி 14 அன்று கழகம் வங்குரோத்து நிர்வாகிகள் கைக்குப் போனது. உடனே 10 புள்ளிகள் வெட்டு. ஜூனில், கடன்காரர்களுக்கு ஒரு பங்கை மட்டும் கொடுத்துச் சமாளிக்கும் திட்டத்தை வரித் திணைக்களம் மறுத்தது, பழைய கம்பனி கலைப்புக்குப் போனது. சொத்துகளை 5.5 மில்லியன் பவுண்டுக்கு வாங்கிய புதுக் கம்பனி முதல் பிரிவிலேயே தொடரலாமா என்ற கேள்வி வந்தது. முடிவெடுத்தது நடுவர் மன்றம் இல்லை. அதே லீக்கில் விளையாடும் 12 கழகங்கள். ஜூலை 4 அன்று 10 கழகங்கள் கூடாது என்றன, கில்மார்னொக் வாக்களிக்கவில்லை, ஆதரவாக விழுந்த ஒரே வாக்கு ரேஞ்சர்ஸ் தானே போட்டது. பிறகு கீழ்ப்பிரிவுகளின் 30 கழகங்கள் கூடின. 25 கழகங்கள் ரேஞ்சர்ஸை மிகக் கீழே, நாலாவது அடுக்கில் போடச் சொன்னன.

நானா இதைக் கேட்டால் தொடையில் தட்டிச் சிரிப்பார். "வரி கட்டி, கடன் கட்டி, கட்டுபடியான ஆட்களை வைத்து விளையாடின கழகங்கள், கட்டாத காசில் வாங்கின ஆட்களிடம் தோற்றுப்போனதே தம்பி. அந்தத் தோல்விகளை யார் திருப்பித் தருவது?" என்பார். இதற்கு அண்ணாவிடம் பதில் இல்லை, என்னிடமும் இல்லை.

ஆனால் அண்ணாவின் பக்கமும் லேசானது இல்லை. அந்த ஓகஸ்டில் நாலாம் பிரிவின் முதல் உள்ளூர்ப் போட்டிக்கு, ஈஸ்ட் ஸ்டேர்லிங்ஷயர் என்ற சின்ன அணிக்கு எதிராக, ஐப்ரொக்ஸில் 49 ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் கூடினார்கள். அதில் அண்ணாவும் ஒருவர். "காசைக் கையாண்டவர்கள் எல்லாரும் போய்விட்டார்கள், நாங்கள் மட்டும் தண்டனைக்கு நின்றோம்" என்று அவர் சொல்லும்போது குரல் மாறும். கிரெய்க் வைட்மீது மோசடி வழக்குப் போட்டார்கள், 2017 இல் ஜூரிகள் அவரைக் குற்றமற்றவர் என்று விடுவித்தார்கள். சட்டத்தின் கண்ணில் குற்றவாளி என்று ஒருவரும் இல்லை. தண்டனையை மட்டும் அண்ணா மாதிரி ஆட்கள் நாலு வருடம் அனுபவித்தார்கள்.

எனக்கு இந்த முறையில் பிடிக்காதது கீழே இறக்கியது அல்ல, தீர்ப்புச் சொன்னவர்கள். சீட்டுக் கட்டும் 12 பேரில் ஒருவர் கட்டாமல் விட்டால், மிச்சம் 11 பேரிடமும் தீர்ப்புக் கேட்கலாமா? ஒவ்வொருவருக்கும் அதில் சொந்தக் கணக்கு இருக்கும். தொலைக்காட்சி ஒப்பந்தமே ரேஞ்சர்ஸும் கிளாஸ்கோவின் மற்றப் பெரிய கழகமான செல்டிக்கும் மோதும் போட்டிகளை நம்பித்தான் நின்றது. அதனால் ரேஞ்சர்ஸை வைத்திருக்கத்தான் கழகங்களுக்கு ஆசை. ஆனால் அவர்களின் சொந்த ரசிகர்கள், உள்ளே விட்டால் இனி டிக்கெட் வாங்கமாட்டோம் என்று நின்றார்கள். நியாயம் எந்தப் பக்கம் என்று தராசில் வைத்துப் பார்த்த தீர்ப்பு இல்லை அது. எந்தப் பயம் பெரிது என்பதுதான் தீர்மானித்தது. இந்த முறை தற்செயலாகச் சரியான முடிவுக்கு வந்திருக்கலாம். அடுத்த முறை வராது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். 2012 தொடங்கி 2020 வரை செல்டிக் தொடர்ந்து 9 தடவை சம்பியன். ஒரு கழகத்தின் வீழ்ச்சியில் முழு லீக்குமே பல வருடம் போட்டியில்லாமல் கிடந்தது.

விழுந்தால் அடித்தட்டு: இத்தாலி

இத்தாலியில் இதற்குக் கூட்டம் கூடி வாக்குப் போட வேண்டியதில்லை. கழகம் வங்குரோத்தானால் அதன் இடம் போய்விடும், ஊரின் பெயரில் புதுக் கழகம் கீழே இருந்து தொடங்கலாம். பியோரென்ரினா 2002 இல் நாலாம் பிரிவில், பெயரைக்கூட இழந்து, புளோரென்சியா வியோலா என்று தொடங்கியது. நாப்போலி 2004 இல் மூன்றாம் பிரிவில் தொடங்கி, 2007 இல் முதல் பிரிவுக்குத் திரும்பி, 2023 இல் சம்பியனானது. பார்மா 2015 இல் நாலாம் பிரிவுக்கு விழுந்து, மூன்று வருடம் தொடர்ந்து ஏறி 2018 இல் மேலே வந்தது.

நானாவுக்குப் பிடித்த முறை இதுதான். பெரிய கழகம், சின்னக் கழகம் என்ற பேதம் இல்லை, ஊருக்கு மறுபிறப்பும் உண்டு என்பார். ஆனால் பியோரென்ரினா 2003 இல் ஒரு பிரிவைத் தாண்டி நேராக இரண்டாம் பிரிவுக்கு ஏற்றப்பட்டது. பிரிவைப் பெரிதாக்கியபோது, பழைய பெருமையைக் காட்டி இடம் கொடுத்தார்கள். பெரிய பெயர் வந்ததும் அங்கேயும் சட்டம் வளைந்துதான் போனது.

புள்ளி வெட்டு: இங்கிலாந்தின் பழைய வழி

இதில் எனக்கு மரியாதை குறைவு. 2008 இல் எஃப்.ஏ. கிண்ணம் வென்ற போர்ட்ஸ்மத், 2010 இல் பிரீமியர் லீக்கிலிருந்தபடியே நிர்வாகிகள் கைக்குப் போன முதல் கழகம் ஆனது. 9 புள்ளிகள் வெட்டினார்கள். அதைவிட என்னைச் சுட்டது கடன் தீர்க்கும் ஒழுங்கு. வீரர்களுக்கும் மற்றக் கழகங்களுக்கும் கொடுக்க வேண்டியதை முழுசாகக் கொடுத்தாக வேண்டும் என்பது அங்கே லீக்கின் விதி. ஊர்க் கடைக்காரர்கள் வரிசையில் பின்னால். அந்தப் பின்வரிசையில் சென்ஜோன்ஸ் அம்புலன்ஸ் படையும் இருந்தது. நம் ஊர்களிலும் திருவிழாக் கூட்டத்தில் முதலுதவிப் பெட்டியோடு நிற்பார்களே, அதே அமைப்புத்தான். போட்டி நாளில் மயங்கி விழுந்தவனைத் தூக்கியவர்களுக்கே கழகம் கடன் வைத்திருந்தது.

இந்த இடத்தில் என் சொந்தக் கதை ஒன்று. எங்கள் சின்னக் கழகத்துக்கு நான் பொருளாளராக இருந்தபோது, ஒரு பிரமுகர் ஜேர்சிக்கும் பயணச் செலவுக்கும் தான் பொறுப்பு என்று மேடையில் சொன்னார். நம்பி ஜேர்சி தைக்கக் கொடுத்தோம். அவர் தரவில்லை. சுற்றுப்போட்டி முடிந்தது, கைதட்டும் முடிந்தது, தையல் கடைக்காரர் மட்டும் மாதாமாதம் வந்து நின்றார். அவரைக் கண்டதும் எனக்கு முகத்தை எங்கே வைப்பது என்று தெரியாது. லீக் எங்களுக்கு எத்தனை புள்ளி வெட்டினாலும் அந்த மனிதருக்கு ஐந்து சதம் பிரயோசனமில்லை. இதனால்தான் புள்ளி வெட்டை நான் தீர்வாக எடுப்பதில்லை.

பரி என்ற கழகத்தின் கதை இன்னும் மோசம். 1894 இலிருந்து இங்கிலாந்து லீக்கில் இருந்த கழகம். 2018 டிசம்பரில் 1 பவுண்டுக்குக் கைமாறியது. அடுத்த வசந்தத்தில், சம்பளம் ஒழுங்காகக் கிடைக்காத வீரர்கள் அதை மேல்பிரிவுக்கு ஏற்றினார்கள். 2019 ஓகஸ்ட் 27 அன்று லீக் அதை வெளியே போட்டது. வாங்கியவரிடம் கழகத்தை நடத்தக் காசு இருக்கிறதா என்ற கேள்விக்கு, விற்பனை முடிந்த பிறகும் சரியான பதில் கிடைக்கவில்லை. முன்னாலேயே கேட்டு, பதில் வராவிட்டால் விற்பனையை நிறுத்தியிருக்க வேண்டிய கேள்வி அது.

முன்னாலேயே கேட்பவர்கள்: ஜேர்மனி, பிரான்ஸ்

ஜேர்மனியில் ஒவ்வொரு பருவத்துக்கும் முன் கழகங்கள் தங்கள் கணக்கைக் காட்டி அனுமதி எடுக்க வேண்டும். வரும் பருவம் முழுவதும் நடத்தக் காசு கையில் இருக்கிறது என்று காட்டாவிட்டால் இடம் இல்லை. 1998 இலிருந்து 50+1 விதியும் உண்டு. முதலீட்டாளர் எவ்வளவு போட்டாலும், வாக்குப் பலத்தில் பாதிக்கு மேல் கழக உறுப்பினர்களிடமே நிற்க வேண்டும். லெவர்குசன், வோல்ஸ்பேர்க் போன்ற விதிவிலக்குகள் உண்டு, லைப்சிக் மிகச் சில உறுப்பினர்களை வைத்தே அதைச் சமாளிக்கிறது. ஆனாலும் 2017 இல் மியூனிக் 1860 மூன்றாம் பிரிவு அனுமதிக்கான காசை முதலீட்டாளர் போடாததால் நாலாம் பிரிவுக்குப் போனபோது, பருவம் இன்னும் தொடங்கியிருக்கவில்லை. யாருடைய புள்ளியும் வெட்டப்படவில்லை, எந்த அணியும் ஏமாற்றப்பட்ட போட்டியில் தோற்கவில்லை. இந்த வித்தியாசம் எனக்குப் பெரிதாகப் படுகிறது.

அதற்காக ஜேர்மனியில் ஒன்றும் நடக்காது என்றில்லை. டோர்ட்மண்ட் 2005 இல் மூழ்கும் தறுவாயில் இருந்தது, கடன்காரர்கள் விட்டுக்கொடுத்ததால்தான் தப்பியது. பரம எதிரியான பயர்ன் மியூனிக்கே அந்தக் காலத்தில் அதற்கு 2 மில்லியன் யூரோ கடன் கொடுத்திருந்தது.

பிரான்ஸில் 1984 இலிருந்து டிஎன்சிஜி என்ற கணக்குக் காவல் குழு இருக்கிறது. கழகத்தைக் கீழே இறக்கவே அதற்கு அதிகாரம் உண்டு. ஆறு தடவை சம்பியனான போர்தோ 2024 கோடையில் அந்தக் குழுவின் முன் நிற்க முடியாமல், தொழில்முறை அந்தஸ்தையே விட்டு நாலாம் பிரிவுக்குப் போனது. 2025 ஜூனில் லியோனை இரண்டாம் பிரிவுக்கு இறக்கச் சொன்னார்கள், காசு கொண்டுவந்து காட்டியதும் ஜூலையில் மேன்முறையீட்டில் தப்பியது. அண்ணா இதைத்தான் பிடித்துக்கொள்வார்: "கணக்குக் கேட்டும் போர்தோ செத்ததே?" உண்மைதான். ஆனால் போர்தோ விழுந்தது இரண்டு பருவங்களுக்கு நடுவில், எல்லாரும் பார்த்துக்கொண்டிருக்க. ரேஞ்சர்ஸ் விழுந்தது பாதிப் பருவத்தில், டிக்கெட் வாங்கியவர்களுக்கு ஒன்றும் தெரியாமல்.

அரசாங்கம் உள்ளே வரலாமா

இங்கிலாந்து இப்போது வேறு வழிக்கு வந்திருக்கிறது. 2025 ஜூலை 21 அன்று உதைபந்தாட்ட நிர்வாகச் சட்டம் நிறைவேறியது. ஆண்களின் மேல் ஐந்து பிரிவுக் கழகங்களுக்கு அனுமதிப்பத்திரம் கொடுக்கவும் உரிமையாளர்களைச் சோதிக்கவும் தனியான ஒழுங்குபடுத்தும் அமைப்பு ஒன்றை அது உருவாக்குகிறது.

இந்த இடத்தில் நானாவும் நானும் ஒரே பக்கம் பயப்படுகிறோம், அதற்குக் காரணம் நம் நாடு. 2023 ஜனவரி 21 அன்று வெளியார் தலையீடு என்று சொல்லி பீபா இலங்கைச் சம்மேளனத்தைத் தடை செய்தது. ஓகஸ்ட் கடைசியில்தான் நீக்கியது. அத்தனை மாதமும் சர்வதேசப் போட்டிகளில் நம் அணிகளுக்கு இடமில்லை. அந்த வயதுப் பெடியனுக்கு ஏழு மாதம் என்பது திரும்பி வராத காலம். இங்கிலாந்துச் சட்டத்தைப் பற்றியும் ஐரோப்பிய உதைபந்தாட்டச் சங்கமான யூஃபா 2024 இல் இதே தலையீட்டுக் கவலையைக் கடிதமாக எழுதியது. அதனால் கணக்குப் பார்ப்பவர் அமைச்சருக்குக் கீழே இருக்கக் கூடாது, விளையாடும் கழகங்களுக்குக் கீழேயும் இருக்கக் கூடாது. சட்டம் அவருக்கு நாற்காலி கொடுக்கட்டும், அதில் இருப்பவரை எழுப்ப எந்த அமைச்சருக்கும் முடியாதிருக்கட்டும்.

சரி, என் தெரிவு. ஜேர்மனி மாதிரிப் பருவத்துக்கு முன் கணக்கு. அதைப் பார்க்க வெளியாள். அதையும் தாண்டி ஒருவர் விழுந்தால் இத்தாலி மாதிரி அடித்தட்டு, வாக்கெடுப்பு இல்லாமல். கடன் தீர்க்கும் வரிசையில் தையல் கடைக்காரரும் முதலுதவிக்காரரும் வீரர்களுக்குப் பக்கத்திலேயே நிற்க வேண்டும். சீசன் டிக்கெட் காசை அந்த வருடத்துக்கு அப்பால் அடகு வைக்கவே கூடாது. இந்தக் கடைசி விதி 2011 இல் இருந்திருந்தால் அண்ணாவின் கழகம் அந்த வழியாக விழுந்திருக்காது என்று நான் நினைக்கிறேன். அண்ணாவும் அதை ஒப்புக்கொள்கிறார், ஆனால் அடித்தட்டை இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை.

நானா போன கிழமை வேறொன்று கேட்டார்: "கணக்குப் பார்க்கிறவர் பிழைவிட்டால்?" கணக்கை உறுப்பினர் எல்லாரும் பார்க்கும்படி போடுவதைத் தவிர எனக்கு வேறு பதில் தோன்றவில்லை. இந்த வருடம் எங்கள் கழகத்தில் அதைச் செய்தோம். சுற்றுப்போட்டிக்குப் பெயர் கொடுக்கும் முன், வரவும் செலவும் ஒரு தாளில் எழுதி அறைச் சுவரில் ஒட்டினோம். அண்ணா வட்ஸ்அப்பில் படம் கேட்டார், அனுப்பினேன். தையல் கடைக்காரருக்குக் கொடுக்க வேண்டிய மிச்சமும் அதில் முதல் வரியாக இருக்கிறது.