ஜார்ஜியா: ஊக்கத்தொகையா, கட்டாய ஒதுக்கீடா?

நாடாளுமன்றத்தில் பெண்களின் எண்ணிக்கையை உயர்த்த ஜார்ஜியா இரு வழிகளை முயன்றது. முதலாவது ஊக்கத்தொகை: வேட்பாளர் பட்டியலில் பத்துப் பேருக்கு மூன்று பெண்களை நிறுத்தும் கட்சிக்கு, 2013 திருத்தத்தின்படி, அரசு நிதி 30 சதவீதம் கூடுதலாகக் கிடைத்தது. பணத்துக்குக் குறைவில்லாத கட்சிக்கு இந்தத் தொகை ஒரு பொருட்டா என்ன?

இரண்டாவது, 2020இல் வந்த கட்டாய ஒதுக்கீடு. விகிதாசாரப் பட்டியலில், அதாவது கட்சி பெறும் வாக்கு விகிதத்துக்கு ஏற்ப மேலிருந்து வரிசையாக இடம் கிடைக்கும் வேட்பாளர் பட்டியலில், ஒவ்வொரு நான்கு பெயர்களிலும் ஒன்றாவது பெண்ணுடையதாக இருக்க வேண்டும் என்பதால், பெண்களையெல்லாம் வெல்ல வாய்ப்பில்லாத கடைசி வரிசைக்குத் தள்ளும் பழைய தந்திரம் எடுபடவில்லை. எனவே இதுவே வலுவான கருவி என்பேன். ஆயினும் பெரும்பான்மை வாக்கில் வந்த இச்சட்டத்தை, 2024 ஏப்ரலில் நாடாளுமன்றம் நீக்கிவிட்டது.