கொல்லிமலைக்கு ரூம் போடுகிறீர்களா? அட்வான்ஸ் யார் கைக்குப் போகிறது என்று முதலில் கேளுங்கள்

லீவுக்குக் குடும்பத்தோடு கொல்லிமலை, ஏலகிரி, ஏற்காடு என்று கிளம்புகிறவர்கள், ரீல்ஸில் பார்த்த வீட்டுக்கு வாட்ஸ்அப்பில் அட்வான்ஸ் அனுப்பும் முன் இதைப் படித்துவிடுங்கள். எங்கள் விஷயத்தில் அந்தப் பணம் வீட்டுக்காரருக்குப் போகவே இல்லை. நடுவில் இருந்த புரோக்கரோடு நின்றுவிட்டது. நாங்கள் இழந்தது ரூ.7,000. பணம் போனதைக்கூட விடலாம். முட்டிவலி உள்ள என் அத்தையை இருட்டுகிற நேரத்தில் சேற்றுப் படியில் நிற்க வைத்தார்களே, அதை என்னால் மன்னிக்க முடியவில்லை.

காலாண்டுத் தேர்வு லீவு. ஊட்டி, கொடைக்கானல் கூட்டத்தில் போய் மாட்ட வேண்டாம், பிள்ளைகள் கொஞ்சம் ஓடி விளையாட வேண்டும், அத்தையும் மாமாவும் குளிர்காற்றில் சும்மா உட்கார்ந்திருக்க வேண்டும், அவ்வளவுதான் எங்கள் ஆசை. ஈரோட்டிலிருந்து கிட்டத்தில் என்று பார்த்துக் கொல்லிமலையை முடிவு செய்தோம். அந்த ஆசைக்கு அது ஏற்ற இடம்தான், அதில் எனக்கு இன்றும் சந்தேகம் இல்லை. திருச்செங்கோடு, நாமக்கல், சேந்தமங்கலம் தாண்டினால் அடிவாரத்தில் காரவள்ளி. அங்கிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகள். மேலே போனால் மிளகுக்கொடி படர்ந்த மரங்கள், காபித் தோட்டம், மலைவாழை, அறப்பளீஸ்வரர் கோயில். ஆனால் கொடைக்கானல் மாதிரி வரிசையாக ஹோட்டல்கள் கிடையாது. செம்மேடு, சோளக்காடு பக்கம் சில லாட்ஜுகள் இருக்கின்றன. மற்றபடி அங்கங்கே எஸ்டேட்டுக்குள் தங்கும் வீடுகள்தான். பல வீடுகளுக்கு வெளியில் போர்டுகூட இருக்காது. வெளியூர்க்காரருக்கு வீட்டைக் கண்டுபிடிக்க வழி இல்லாத இந்த இடத்தில்தான் புரோக்கர் நுழைகிறார்.

நாங்கள் பார்த்த ரீல்ஸ் பக்கத்தில் ஒரு மரவீடு இருந்தது. முன்பக்கம் முழுக்கக் கண்ணாடி, வெளியே மேகம். இரண்டு இரவு, இரண்டு அறை, மூன்று வேளைச் சாப்பாடு, கேம்ப்ஃபயர், ஜீப்பில் சுற்றிக் காட்டுவது எல்லாம் சேர்த்து ரூ.14,000 என்றார்கள். பாதியை முன்னால் கட்ட வேண்டும், மீதி ஸ்பாட்டில். என் வீட்டுக்காரர் கேட்ட முதல் கேள்வியே, "அம்மாவுக்கு முட்டிவலி, கார் வாசல் வரைக்கும் வருமா?" என்பதுதான். "வாசப்படி வரைக்கும் வரும் சார், அம்மாவ ஒரு ஸ்டெப்கூட ஏற விடமாட்டோம்" என்று வாய்ஸ் மெசேஜ் வந்தது. லொகேஷன் கேட்டதற்கு, "மலை ஏறினதும் அனுப்பிடறேன் சார், முன்னாடியே குடுத்தா கண்டவங்களும் வந்து நிக்கறாங்க" என்றார். பணம் கட்டும்போது திரையில் வந்தது விடுதியின் பெயர் இல்லை, யாரோ ஒரு பெண்ணின் பெயர். கேட்டால், "அக்கவுன்ட்ஸ் பார்க்கிற மேடம் சார்" என்று பதில். எதைக் கேட்டாலும் இப்படி உடனே ஒரு பதில் தயாராக இருந்தது. பத்துக் குடும்பமாவது இதே கேள்விகளைக் கேட்டிருக்காவிட்டால் அவ்வளவு சரளமாகப் பதில் வராது.

மேலே போய்ச் சேர்ந்து லொகேஷன் வாங்கி, தார் ரோடு முடிந்து, மண் ரோடும் முடிந்த இடத்தில் காரை நிறுத்தினோம். அதற்குமேல் கார் போகாது. கீழே சரிவில் மண்ணை வெட்டிப் படியாக்கியிருந்தார்கள். மழை பெய்து சேறாகக் கிடந்தது, பிடித்துக்கொள்ளக் கம்பி இல்லை. மாமா ஒரு பக்கம், என் வீட்டுக்காரர் ஒரு பக்கம் பிடித்து அத்தையை இறக்கினார்கள். பாதி வழியில் அத்தை கால் வழுக்கி உட்கார்ந்துவிட்டார். கீழே மரவீடும் இல்லை, கண்ணாடியும் இல்லை. ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்ட இரண்டு அறைகள் இருந்தன. குளியலறைக் கதவுக்கு உள்தாழ்ப்பாள் கிடையாது. பக்கத்தில் வரிசையாக டென்ட். அங்கே இளைஞர்கள் ஒரு கூட்டமாக ஸ்பீக்கரை அலற விட்டுக் குடித்துக்கொண்டிருந்தார்கள். பன்னிரண்டு வயது மகளை வைத்துக்கொண்டு அந்த இடத்தில் எப்படி இரவு தங்குவது?

அங்கே வேலைக்கு இருந்த தம்பி அந்த ஊர்க்காரர். எங்களைப் பார்த்ததும் அவருக்கே சங்கடமாகிவிட்டது. "அக்கா, எங்க ஓனர் சொன்ன ரேட்டு ரெண்டு ராத்திரிக்குப் பத்தாயிரங்க. சாப்பாடு தனி, ஜீப்பு தனி. நீங்க கட்டின காசு எங்களுக்கு வரலைங்க" என்றார். புரோக்கருக்குப் போன் போட்டால் அடித்துக்கொண்டே இருந்தது, எடுக்கவில்லை. அந்தத் தம்பியின் போனிலிருந்து ஓனரைப் பிடித்தோம். அவர் நாமக்கல்லில் இருக்கிறார். "அந்த ஆளை நான் நேர்ல பார்த்ததே இல்லைங்க. கெஸ்ட் அனுப்புவார், என் ரேட்டு எனக்கு வரணும், அவ்வளவுதான்" என்று வைத்துவிட்டார்.

அந்தத் தம்பியைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லியாக வேண்டும். அத்தைக்குச் சுடுதண்ணீர் வைத்துக் கொடுத்தார். டார்ச் பிடித்து மறுபடி மேலே கார் வரைக்கும் கொண்டுவந்து விட்டார். செம்மேட்டில் ஒரு லாட்ஜுக்குப் போன் செய்து அறை இருக்கிறதா என்று கேட்டதும் அவர்தான். போன வாரமும் ஒரு குடும்பம் இப்படித்தான் வந்து அழுதுவிட்டுப் போனதாகச் சொன்னார். இப்படி ஏமாந்த கோபத்தில் பலர் அங்கே கையில் கிடைப்பவரைத் திட்டித் தீர்த்துவிட்டு வருகிறார்கள். தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். மாதச் சம்பளத்துக்கு விளக்குப் போட்டுத் தரை பெருக்குகிறவருக்கும் உங்கள் அட்வான்ஸுக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை.

செம்மேட்டு லாட்ஜ் சுத்தமாக இருந்தது. இரண்டு அறைக்கு ஒரு இரவுக்கு ரூ.3,000. மறுநாள் கோயிலுக்குப் போனோம், மாசிலா அருவியில் பிள்ளைகள் குளித்தார்கள். ஆகாயகங்கைக்கு ஆயிரத்துக்கும் மேற்பட்ட படிகள் இறங்கி ஏற வேண்டும் என்பதால் அதைத் தொடவில்லை. நேராக லாட்ஜுக்கே போயிருந்தால் எங்கள் பயணம் ஒரு குறையும் இல்லாமல் முடிந்திருக்கும்.

வீட்டுக்கு வந்த பிறகு விசாரித்ததில் இந்தத் தொழில் நடக்கும் விதம் புரிந்தது. புரோக்கருக்கு அந்த மலையில் ஒரு செங்கல்கூடச் சொந்தமில்லை. எந்தெந்த ஓனர் என்ன ரேட் என்பது மட்டும் அவரிடம் இருக்கிறது. அதன்மேல் நமக்கு ஆசை வருகிற மாதிரி ஒரு தொகையைச் சொல்வார். சாப்பாடு, ஜீப், கேம்ப்ஃபயர் எல்லாம் அவர் வாயில்தான், ஓனரிடம் அதைப்பற்றிப் பேசியிருக்கவே மாட்டார். நாம் கட்டுகிற அட்வான்ஸ் முழுக்க அவருடைய கமிஷன். அது கைக்கு வந்ததோடு அவர் வேலை முடிந்தது. நாம் தங்கினாலும் திரும்பினாலும் அவருக்கு நஷ்டமில்லை. ஓனரைக் கேட்டால், ஒரு ரூபாய்கூட வாங்கவில்லை என்பார், அது உண்மையும்கூட. இப்படி இருவரும் ஒருவரை ஒருவர் கைகாட்டும் நேரத்தில் நாம் பிள்ளைகளோடு மலையில் நின்றுகொண்டிருப்போம். இரவில் 70 வளைவு இறங்க யாருக்கும் மனம் வராது. அதனால் பெரும்பாலானவர்கள் கேட்ட கூடுதல் பணத்தைக் கொடுத்துத் தங்கிவிடுகிறார்கள். இந்தக் கணக்கில்தான் முழு ஏமாற்றும் நிற்கிறது.

படங்களும் திருட்டுதான். என் அக்கா மகள் கூகுள் லென்ஸில் போட்டுப் பார்த்தாள். அந்தக் கண்ணாடி வீடு வயநாட்டில் இருக்கும் வேறொரு விடுதி.

புகார் கொடுத்த கதையைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், யாருக்காவது உதவும். லாட்ஜிலிருந்தே 1930 என்ற எண்ணுக்குப் போன் செய்தோம். இணைய மோசடிக்கான அரசு உதவி எண் அது. பணம் போனதும் கூப்பிட்டால், அது அடுத்த கணக்குக்கு மாறும் முன்பு வங்கியில் நிறுத்தி வைக்க வாய்ப்பு இருக்கிறது. எங்கள் அட்வான்ஸ் முன்பே கட்டியது, அதனால் அந்தக் கணக்கில் மிச்சம் எதுவும் இல்லை. இருந்தாலும் சைபர் கிரைம் போர்ட்டலில் புகாரைப் பதிந்து எண் வாங்கிக்கொண்டோம். அதன் பிறகு நடந்ததுதான் முக்கியம். அதுவரை போனை எடுக்காத புரோக்கர் தானாகவே கூப்பிட்டார். "சார், ரீஃபண்ட் போட்டுடறேன், கம்ப்ளெயின்ட் மட்டும் வாபஸ் வாங்கிடுங்க" என்றார். அடுத்த நிமிஷம் ஒரு க்யூஆர் கோடு வந்தது. அதை ஸ்கேன் செய்து பின் நம்பர் போட்டால் பணம் வந்துவிடுமாம். பணம் வாங்குவதற்கு ஸ்கேனும் வேண்டாம், பின் நம்பரும் வேண்டாம். பின் நம்பர் போட்டால் நம் பணம்தான் வெளியே போகும். ரீஃபண்ட் என்று யார் அனுப்பினாலும் இதைச் செய்யாதீர்கள்.

போலீஸ் புகார் ஒருபுறம் இருக்கட்டும், நுகர்வோர் ஆணையத்துக்கும் போகலாம். இதற்காக நாமக்கல்லுக்கு அலைய வேண்டும் என்றுதான் பலர் விட்டுவிடுகிறார்கள். வேண்டியதில்லை. 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்து ஆணையத்திலேயே மனு போடலாம். கொடுத்த தொகை ரூ.5 லட்சம் வரை இருந்தால் கட்டணம் கிடையாது. ஆன்லைனிலும் போடலாம், வக்கீல் கட்டாயமில்லை. முதலில் ஆலோசனை வேண்டுமென்றால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண் இருக்கிறது. புரோக்கர், ஓனர் இருவரையும் எதிர்த்தரப்பாகச் சேர்த்தோம். ஓனருக்குப் பணம் போகவில்லை என்பது சரி, ஆனால் தாழ்ப்பாள் இல்லாத குளியலறையைக் குடும்பங்களுக்கு வாடகைக்கு விட்டது அவர்தானே? எங்களிடம் இருந்த பெரிய ஆதாரம் அந்த "ஒரு ஸ்டெப்கூட" வாய்ஸ் மெசேஜ். போனில் பேசியிருந்தால் காற்றோடு போயிருக்கும். கார் எதுவரை வரும், எத்தனை படி, சாப்பாடு சேர்த்தா தனியா, போகாவிட்டால் பணம் திரும்ப வருமா என்று எல்லாவற்றையும் வாட்ஸ்அப்பிலேயே கேளுங்கள்.

பணம் அனுப்பும் முன் நான் இனி கேட்கப் போகிற முதல் கேள்வி, "நீங்கள் ஓனரா, புக்கிங் மட்டும் செய்கிறவரா?" என்பதுதான். புரோக்கர் என்றால் தப்பில்லை, நேர்மையாகச் செய்கிறவர்களும் இருக்கிறார்கள். ஆனால் ஓனரின் எண்ணைக் கொடுக்கவோ கான்ஃபரன்ஸில் பேசவைக்கவோ அவர் தயாராக இருக்க வேண்டும். பகல் வெளிச்சத்தில் அந்த வீட்டிலிருந்தே வீடியோ கால் கேளுங்கள். கார் நிற்கும் இடத்திலிருந்து குளியலறைக் கதவு வரைக்கும் நடந்து காட்டச் சொல்லுங்கள். மலையில் சிக்னல் கிடைக்காது என்பார்கள், சில இடங்களில் அது நிஜம்தான், அப்போது வீடியோ எடுத்து அனுப்பச் சொல்லலாம். லொகேஷனை முன்கூட்டியே கொடுக்காதவருக்கு ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள். பெரியவர்களைக் கூட்டிப் போகிறீர்கள் என்றால் பக்கத்தில் டென்ட் போடுகிறார்களா என்றும் கேட்டுவிடுங்கள்.

இன்னொன்று. அந்த ரீல்ஸ் பக்கத்தில் "காட்டுக்குள் நைட் ட்ரெக்" என்று கூடுதலாக ஒன்றை விற்கிறார்கள். வனத்துறை அனுமதியைப் பற்றிக் கேட்டால் பேச்சை மாற்றுகிறார்கள். 2018 மார்ச்சில் தேனி மாவட்டம் குரங்கணியில் மலையேறப் போனவர்கள் காட்டுத்தீயில் சிக்கி இருபதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தார்கள். அதன் பிறகுதான் மாநிலத்தில் மலையேற்றத்துக்கு விதிமுறைகள் கொண்டுவந்தார்கள். 2021 ஜனவரியில் வயநாட்டின் மேப்பாடியில் டென்ட்டில் தங்கியிருந்த ஒரு பெண்ணை யானை தாக்கிக் கொன்றது. அந்த இடத்துக்கு முறையான அனுமதியே இல்லை என்று பிறகு தெரிந்தது. பிள்ளைகளுக்கு மலையேற்றம் காட்ட வேண்டுமென்றால், 2024இல் அரசு தொடங்கிய 'ட்ரெக் தமிழ்நாடு' தளத்தில் 40 பாதைகள் இருக்கின்றன, வழிகாட்டியோடு அனுப்புகிறார்கள். முகம் தெரியாத ஆளை நம்பி ராத்திரியில் காட்டுக்குள் பிள்ளைகளை அனுப்பாதீர்கள்.

அதே பக்கம் கொடைக்கானல் பேக்கேஜில் இ-பாஸுக்கென்று தனியாகக் காசு கேட்கிறது. நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் 2024 மே மாதம் முதல் இ-பாஸ் வேண்டும் என்பது உண்மை. ஆனால் அரசு தளத்தில் அது இலவசம், வீட்டிலிருந்தே எடுத்துவிடலாம்.

நாங்கள் போட்ட கமென்ட்டை நீக்கிவிட்டார்கள். பக்கத்தின் பெயரும் மாறிவிட்டது. அதே கண்ணாடி வீட்டுப் படம் இப்போது ஏலகிரி என்று ஓடிக்கொண்டிருக்கிறது. எங்கள் மனுவை ஈரோட்டில் கொடுத்திருக்கிறோம், விசாரணைக்குக் காத்திருக்கிறோம். இதே மாதிரி ஏமாந்தவர்கள் யாராவது இதைப் படித்தால், பணம் கட்டிய விவரத்தையும் வாட்ஸ்அப் பேச்சையும் அழித்துவிடாதீர்கள். சம்பவம் நடந்து இரண்டு ஆண்டுகள் வரை ஆணையத்தில் மனு போடலாம்.