பழைய பைபர் படகும் எஞ்சினும் வாங்க நினைக்கும் மதுரைக்காரர்களுக்கு ஓர் எச்சரிக்கை

மதுரையில் குடியிருந்துகொண்டு, ஞாயிற்றுக்கிழமை விடிவதற்குள் தொண்டிக்கோ தேவிபட்டினத்துக்கோ போய்ச் சேர்ந்து, சொந்தப் படகில் நாலு மணி நேரம் தூண்டில் போட்டுவிட்டுத் திரும்ப வேண்டும் என்ற ஆசையுள்ளவர்கள் என் பழக்கத்திலேயே பத்துப் பேருக்குக் குறையாமல் இருக்கிறார்கள். அவர்களில் இருவர் சென்ற மாதம் என்னிடம் வந்து, புறவழிச்சாலைப் பக்கம் ஒரு கிடங்கில் பழைய பைபர் படகும் எஞ்சினும் மலிவாகக் கிடைப்பதாகச் சொல்லி யோசனை கேட்டார்கள். அதே கிடங்கில்தான் நானும் என் நண்பர்கள் இருவரும் மூன்று லட்சம் ரூபாய்க்கு மேல் கொடுத்து ஏமாந்தோம். வழக்கு நடப்பதால் விற்றவரின் பெயரை இங்கே எழுதவில்லை. நடந்ததை மட்டும் எழுதுகிறேன்.

2024 ஜனவரியில், பொங்கல் கழிந்த மறுவாரம் நாங்கள் மூவரும் அந்தக் கிடங்குக்குப் போனோம். பதினெட்டு அடி நீளமுள்ள பைபர் படகு, 25 குதிரைத்திறன் கொண்ட இரட்டை சிலிண்டர் டூ ஸ்ட்ரோக் எஞ்சின், காரில் கட்டி இழுக்கும் டிரெய்லர் ஆகிய மூன்றும் சேர்த்து 3,10,000 ரூபாய் என்று பேசி முடித்தோம். படகுக்குப் புதிதாக நீலமும் வெள்ளையும் அடித்திருந்தார்கள். எஞ்சின் ஓர் இரும்புச் சட்டத்தில் மாட்டப்பட்டு, அதன் கீழ்ப்பகுதி தண்ணீர் நிரப்பிய பிளாஸ்டிக் பீப்பாய்க்குள் இறங்கியிருந்தது. விற்றவர் கயிற்றை ஒரே இழுப்பு இழுத்தார். எஞ்சின் உடனே பிடித்துக்கொண்டது. எஞ்சினைக் குளிர்விக்கும் தண்ணீர் பின்புறத் துளையிலிருந்து நூல் பிடித்தாற்போல் பீச்சியடித்தது. "பாத்துக்கங்கண்ணே, தண்ணி எப்படி அடிக்குதுன்னு. இதுக்கு மேல என்ன வேணும்?" என்றார். எங்களுக்கும் அதற்கு மேல் என்ன கேட்பதென்று தெரியவில்லை.

அந்த எஞ்சினின் மேல்மூடியில் நான் கை வைத்தபோது அது ஏற்கெனவே வெதுவெதுப்பாக இருந்தது. அதை நான் கவனித்தேன், ஆனால் அதன் பொருள் அன்று எனக்குப் புரியவில்லை. தேய்ந்துபோய் கம்ப்ரஷன் (சிலிண்டருக்குள் உண்டாகும் அழுத்தம்) குறைந்த எஞ்சின், குளிர்ந்திருக்கும்போது எளிதில் பிடிக்காது. ஒருமுறை சூடேறிவிட்டால் நல்ல எஞ்சினைப் போலவே ஒரே இழுப்பில் பிடித்துவிடும். நாங்கள் வருவதாகச் சொன்ன நேரத்துக்குச் சற்று முன்பே அதை ஓட்டிச் சூடாக்கி வைத்திருக்கிறார்கள். அதோடு, பீப்பாய்த் தண்ணீரில் குறைந்த வேகத்தில் ஓடும் எஞ்சினுக்குப் பாரம் என்பதே கிடையாது. மூன்று ஆட்களையும் பெட்ரோல் டாங்கையும் ஐஸ் பெட்டியையும் சுமந்த படகை அலைக்கு எதிராகத் தள்ளும்போதுதான் அதன் உண்மையான நிலை தெரியவரும். கடற்கரையில் இருப்பவர்கள் இப்படிப் பீப்பாயில் காட்டும் எஞ்சினை நம்பி வாங்கமாட்டார்கள் என்பதைப் பின்னால்தான் தெரிந்துகொண்டேன். கடலிலிருந்து நூறு கிலோமீட்டருக்கும் அப்பால் இருக்கும் எங்களைப் போன்றவர்களை நம்பித்தான் அந்த வியாபாரம் நடக்கிறது.

ஒரு லட்சம் ரூபாயை யுபிஐ மூலம் முன்பணமாக அனுப்பினேன். மீதியை ரொக்கமாகத்தான் தர வேண்டும் என்று வற்புறுத்தி வாங்கிக்கொண்டார்கள். ஜிஎஸ்டி எண்ணுள்ள பில் கேட்டதற்கு, "மதிப்பீடு" என்று தலைப்பிட்ட துண்டுச் சீட்டில் தொகையை எழுதி, கையெழுத்து இல்லாமல் கொடுத்தார்கள். படகின் பதிவுச் சான்றிதழ் என்று ஒரு ஜெராக்ஸ் தந்து, அசல் இரண்டு வாரத்தில் வரும் என்றார்கள். அது இன்றுவரை வரவில்லை.

மார்ச் மாதம் வாடைக்காற்று ஓய்ந்து கடல் அமைதியான பிறகு, சிவகங்கை, காளையார்கோவில், திருவாடானை வழியாகப் படகை இழுத்துக்கொண்டு தொண்டிக்குப் போனோம். விடியற்காலை ஐந்தரை மணிக்குப் படகை இறக்கினோம். கரையிலிருந்து நாலு கிலோமீட்டர் போயிருப்போம். ஏதோ கருகுகிற வாசனை வந்தது, வேகம் தானாகக் குறைந்தது, பிறகு எஞ்சின் நின்றது. திரும்பக் கயிற்றை இழுத்தால் அசையவே இல்லை. நங்கூரத்தைப் போட்டுவிட்டு உட்கார்ந்திருந்தோம். கொண்டல் காற்று மெல்லக் கிளம்பி, படகு ஆடத் தொடங்கியது. அன்று நாட்டுப்படகுகள் கடலுக்குப் போயிருந்த நாளாக இருந்ததால், ஒன்றரை மணி நேரத்துக்குள் ஒரு படகு எங்களைப் பார்த்துக் கிட்டே வந்தது. அதிலிருந்த பெரியவர் கயிறு கொடுத்துக் கட்டி இழுக்கும்போதே, எங்கள் எஞ்சின் மாட்டியிருந்த பின்பலகையைச் சுட்டிக்காட்டி, "தம்பி, பலகை எஞ்சினோட சேர்ந்து ஆடுது பாருங்க" என்றார். கரைக்கு வந்தபின் அந்த இடத்தில் அவரே கட்டைவிரலை வைத்து அழுத்தினார். புதிய பெயிண்டில் மயிரிழை போல ஒரு விரிசல் விட்டு, அதிலிருந்து பழுப்பு நிறத்தில் தண்ணீர் கசிந்து அவருடைய விரல் வழியாக வழிந்தது.

பைபர் படகின் பின்பலகை முழுவதும் பைபர் அல்ல. இரு பைபர் உறைகளுக்கு நடுவே பிளைவுட் பலகை இருக்கிறது, எஞ்சினின் எடையையும் அது தள்ளும் விசையையும் தாங்குவது அந்தப் பலகைதான். எஞ்சினைப் பலகையோடு இறுக்கும் போல்ட்டுகளுக்காகப் போட்ட துளைகளைச் சரியாக அடைக்காமல் விட்டால் அவற்றின் வழியே தண்ணீர் இறங்கி, பல மழைக்காலங்களில் உள்பலகை உளுத்து மாவாகிவிடும். வெளியே பார்த்தால் ஒன்றும் தெரியாது. ஒரு நாணயத்தால் பலகை முழுவதையும் தட்டிப் பார்த்திருந்தால் போதும். நல்ல பலகை "டக் டக்" என்று இறுக்கமாக ஒலிக்கும், உளுத்த இடம் பூசணிக்காயைத் தட்டியது போல மந்தமாக ஒலிக்கும். எங்களிடம் பையில் நாணயம் இருந்தது, தட்டிப் பார்க்கத்தான் தெரியவில்லை. அந்தப் பலகை நடுக்கடலில் பிய்ந்திருந்தால் எஞ்சின் கடலுக்குள் போவதோடு படகின் பின்புறமும் திறந்துகொண்டிருக்கும். எங்களில் ஒருவருக்கு நீச்சலே தெரியாது.

விற்றவரிடம் போனில் சொன்னபோது, பாக் நீரிணையில் கடற்புல் அதிகம், அதுதான் எஞ்சின் தண்ணீர் உறிஞ்சும் துவாரத்தை அடைத்திருக்கும், எங்கள் கவனக்குறைவு என்று சொன்னார். கடற்புல் அங்கே அதிகம் என்பது உண்மைதான், அது துவாரத்தை அடைப்பதும் உண்டு. அதனால் நாங்கள் அதை நம்பி, அவருடைய பட்டறைக்கே எஞ்சினைக் கொண்டுபோனோம். தண்ணீர் பம்பு முழுவதையும் மாற்றிவிட்டதாகச் சொல்லி 14,500 ரூபாய் வாங்கினார்கள். மீண்டும் தொண்டிக்கு வந்து, பயத்தினால் இடுப்பளவு தண்ணீரிலேயே சுற்றிச் சுற்றி ஓட்டிப் பார்த்தோம். இருபதாவது நிமிடத்தில் அதே கருகல் வாசனை வந்தது.

அந்த ஊரில் பல ஆண்டுகளாக அவுட்போர்டு எஞ்சின் வேலை பார்க்கும் மெக்கானிக் ஒருவர் எங்கள் கண்முன்னே அதைப் பிரித்தார். முதலில் கீழே உள்ள கியர் ஆயில் திருகைக் கழற்றினார். தேன் நிறத்தில் கெட்டியாக வர வேண்டிய எண்ணெய், பால்காப்பி போல நுரைத்து வழிந்தது. சீல் தேய்ந்து, கியர்ப் பெட்டிக்குள் உப்புத் தண்ணீர் புகுந்து எண்ணெயோடு கலந்துவிட்டதற்கு அதுவே அடையாளம். பிறகு பம்பைத் திறந்து, தண்ணீரைத் தள்ளும் ரப்பர் சக்கரமான இம்பெல்லரை வெளியே எடுத்தார். ஆறு ரப்பர் இதழ்களில் மூன்று இல்லை. மிச்சமிருந்த மூன்றும் ஒரே பக்கமாக வளைந்து, விரலால் நிமிர்த்தினாலும் நிமிராமல் விறைத்துப் போயிருந்தன. புதிய இம்பெல்லரின் இதழ்கள் நேராகவும் மெத்தென்றும் இருக்கும். இரண்டு வாரத்துக்கு முன் மாற்றிய ரப்பர் இப்படி ஆக வழியே இல்லை என்றார். உடைந்த துண்டுகள் உள்ளே போய்க் குளிர்நீர்ப் பாதைகளை அடைத்திருந்தன. குறைந்த வேகத்தில் மூன்று இதழ்களே போதும், தண்ணீர் பீச்சியடிக்கும். முழுப் பாரத்தில் போதாது. கிடங்கில் நாங்கள் பார்த்து மகிழ்ந்த அந்தத் தண்ணீர்ப் பீச்சுக்குக் காரணம் இதுதான். கம்ப்ரஷன் கேஜ் வைத்துப் பார்த்ததில் ஒரு சிலிண்டர் 110, மற்றது 70 காட்டியது. இரண்டும் ஏறக்குறைய ஒன்றாக இருக்க வேண்டும்.

இன்னொன்றையும் அவர் காட்டினார். எஞ்சின் எண் பொறித்த தகட்டின் நான்கு ரிவெட்டுகளில் இரண்டு பளபளப்பாகவும், மற்ற இரண்டு அதே எஞ்சின் பெயிண்டுக்கு அடியிலும் இருந்தன. பல எஞ்சின்களில் உள்ளே பிளாக்கில் இருக்கும் வட்ட உலோக மூடியிலும் அதே எண் அடித்திருப்பார்கள். எங்கள் எஞ்சினில் அந்த எண் வேறு. அதாவது ஏதோ ஓர் எஞ்சினின் தகடு ஏதோ ஓர் எஞ்சினில் அறையப்பட்டிருந்தது.

சான்றிதழ் விஷயம் இதைவிட வேதனையானது. ராமநாதபுரத்தில் மீன்வளத் துறை அலுவலகத்துக்கு அந்த ஜெராக்ஸை எடுத்துக்கொண்டு போனபோது, அங்கிருந்தவர் அதைப் பார்த்ததும் படகின் நீளத்தை விரலால் காட்டினார்: 8.50 மீட்டர். எங்கள் படகு பதினெட்டு அடி, அதாவது ஐந்தரை மீட்டர்தான். இரண்டு மாதமாக அந்தத் தாள் என் வீட்டு அலமாரியில் இருந்தது. அடியிலேயே யோசித்துப் பழகிய நாங்கள் மீட்டரில் எழுதியிருந்ததைக் கணக்குப் போட்டுப் பார்க்கவில்லை. வேறொரு படகின் எண்ணை எங்கள் படகில் எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். சர்வதேச எல்லைக்கு அருகில் உள்ள பாக் நீரிணையில், அதிலும் 2008 மும்பைத் தாக்குதலுக்குப் பிறகு, கடலோரப் பாதுகாப்புக் குழுமமும் கடலோரக் காவல்படையும் படகுகளைச் சோதிப்பது வழக்கமான நடைமுறை. பொய் எண் தாங்கிய படகில் மூன்று அந்நிய முகங்கள் பிடிபட்டால் என்ன ஆகியிருக்கும் என்பதை நினைத்தால் இன்றும் எனக்கு நடுக்கமாக இருக்கிறது. மண்டபத்தில் இறக்கினால் தீவுப் பக்கம் எங்கு வேண்டுமானாலும் ஓட்டிப்போய் மீன் பிடிக்கலாம் என்றும் விற்றவர் சொல்லியிருந்தார். ராமேஸ்வரத்துக்கும் தூத்துக்குடிக்கும் இடையே உள்ள 21 தீவுகளும் 1986 முதல் மன்னார் வளைகுடா கடல்சார் தேசியப் பூங்காவாக இருக்கின்றன. அங்கே நம் விருப்பம்போல் போய் மீன் பிடிக்க முடியாது.

பணத்தைத் திருப்பிக் கேட்டோம். முதலில் "பாப்போம் சார்" என்றார்கள், பிறகு போனை எடுப்பதை நிறுத்தினார்கள். ஒப்புகையுடன் கூடிய பதிவுத் தபாலில் வக்கீல் நோட்டீஸ் அனுப்பியதும் வந்த பதிலில், படகு என்பது மீன்பிடித் தொழிலுக்கான பொருள், வணிக நோக்கத்தில் வாங்கியவர்கள் நுகர்வோர் ஆகமாட்டார்கள் என்று எழுதியிருந்தார்கள். 2019 ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் வணிக நோக்கத்துக்காக வாங்குவோருக்கு விலக்கு இருப்பதைத்தான் அவர்கள் பிடித்துக்கொண்டார்கள். நாங்கள் மூவரும் மாதச் சம்பளக்காரர்கள், ஒரு மீனைக்கூட விற்றதில்லை என்பதைத்தான் இப்போது வழக்கில் எடுத்துச் சொல்லி வருகிறோம். ஆகவே இப்படி வாங்குகிறவர்கள், வசதிக்காக என்று சொல்லி மீனவர் ஒருவர் பெயரில் சீட்டு எழுதிக்கொள்ள ஒருபோதும் சம்மதிக்க வேண்டாம். ரொக்கமாகக் கொடுத்த 2,10,000 ரூபாய்க்கு எங்களிடம் அந்தக் கையெழுத்தில்லாத சீட்டு மட்டுமே உள்ளது. யுபிஐயில் போன ஒரு லட்சம்தான் விற்பனை நடந்தது என்பதற்கே சாட்சியாக நிற்கிறது.

யாராவது இதே நிலையில் இருந்தால், நடந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுகளுக்குள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் புகார் செய்யலாம். கொடுத்த தொகை ஐந்து லட்சம் வரை என்றால் கட்டணம் இல்லை. பொருளை வாங்கிய ஊரில்தான் என்றில்லை, நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே தாக்கல் செய்யலாம். 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் முதலில் கேட்டுக்கொள்ளலாம்.

வாங்கப் போகிறவர்களிடம் நான் கெஞ்சிக் கேட்பது இதுதான்: எஞ்சின் இரவு முழுவதும் ஓடாமல் குளிர்ந்திருக்க, காலையில் உங்கள் முன்னிலையில் முதல் இழுப்பு நடக்கட்டும். கடற்கரை ஊர் மெக்கானிக் ஒருவருக்குக் கூலி கொடுத்துக் கூட்டிப்போய், கியர் ஆயில் திருகைக் கழற்றச் சொல்லுங்கள். அதற்குப் பத்து நிமிடம் போதும். பிறகு படகைக் கடலிலேயே இறக்கி, வாங்கப்போகும் ஆட்கள் அனைவரும் ஏறி, அரை மணி நேரம் முழு வேகத்தில் ஓட்டிப் பார்த்தபின் பணத்தைப் பற்றிப் பேசுங்கள். மதுரையிலிருந்து கடலுக்குக் கொண்டுபோக விற்பவர் மறுத்தால் அங்கிருந்து எழுந்து வந்துவிடுங்கள். உயிர்காப்பு மேலங்கி ஆளுக்கொன்றும், கடலோரக் காவல்படையின் 1554 என்ற எண்ணும் அந்த முதல் ஓட்டத்திலேயே உங்களோடு இருக்கட்டும்.

படகு இப்போது திருவாடானையில் என் மனைவியின் சித்தப்பா வீட்டுப் புளியமரத்தடியில் தார்ப்பாய் போர்த்திக் கிடக்கிறது. பழுதான பொருளை ஆய்வகத்துக்கு அனுப்பிச் சோதிக்க ஆணையத்துக்கு அதிகாரம் உண்டு என்பதால், எதையும் கழற்றவோ விற்கவோ கூடாது என்று வக்கீல் சொல்லியிருக்கிறார். அந்த மூன்று இதழ் இம்பெல்லரை மெக்கானிக் ஒரு தீப்பெட்டியில் போட்டுக் கொடுத்தார். கியர்ப் பெட்டியிலிருந்து வடிந்த எண்ணெயைக் கண்ணாடிக் குப்பியில் ஊற்றி, தேதியும் மூவர் கையெழுத்தும் இட்டு ஒட்டி வைத்திருக்கிறேன். அடுத்த வாய்தாவுக்கு இரண்டையும் கொண்டுவரச் சொல்லியிருக்கிறார்கள்.