பெயர் அழிந்த தையல் இயந்திரம்: 41 ஆண்டுப் பயன்பாட்டு அனுபவம்

1984ஆம் ஆண்டு தை மாதம் பழையதாக வாங்கிய கறுப்புக் கால்மிதி தையல் இயந்திரம் ஒன்றை இன்றுவரை பயன்படுத்தி வருகிறேன். திண்டுக்கல் மாவட்டத்துச் சின்னாளபட்டியில், எங்கள் வீட்டின் முன்னறையே என் தையல் கடை. எந்தக் கம்பெனி மிஷின் என்றுதான் எல்லோரும் முதலில் கேட்கிறார்கள். அதற்கு என்னிடம் பதில் கிடையாது. கழுத்துப் பகுதியில் பொன்னிறத்தில் எழுதியிருந்த பெயர், எனக்கு முன்னால் வைத்திருந்தவருடைய காலத்திலேயே துணி உரசி உரசிப் பாதி அழிந்திருந்தது; மீதியை நான் அழித்துவிட்டேன். இரும்புத் தாங்கியில் சிங்கர் என்று வார்க்கப்பட்டிருக்கிறது என்றாலும், தலைப்பகுதி அந்தத் தாங்கிக்கு உரியதன்று என்று பழுது பார்க்க வந்தவர் முதல் நாளே சொல்லிவிட்டார். உஷா இயந்திரங்கள் கல்கத்தாவில் முப்பதுகளிலேயே உருவாகத் தொடங்கியிருந்தாலும், பழைய சிங்கர் தாங்கிகள் நம் ஊர்களில் நிறையவே புழங்கிவந்தன. ஒன்றின் தலையை மற்றொன்றின் காலில் பூட்டி விற்பது அன்று சாதாரணம். தலையும் காலும் சேர்த்து 650 ரூபாய்க்கு, என் தோட்டை அடகு வைத்து வாங்கினேன். அப்போது எனக்கு 22 வயது.

இது டெய்லர் மாடல் என்று சொல்லப்படும் வகை. நேர்த்தையல் மட்டுமே போடும். ஜிக்ஜாக் கிடையாது, பின்னோக்கித் தைக்கும் வசதியும் கிடையாது. தையலின் முடிவில் நூல் பிரியாமல் இருக்க, ஊசியைத் துணியில் இறக்கி, துணியை அழுத்திப் பிடிக்கும் ஃபுட்டைத் தூக்கி, துணியையே திருப்பி வைத்து மூன்று நான்கு தையல் போட வேண்டும். புதிதாகக் கற்க வருபவர்களுக்கு இது பெரிய குறையாகத் தோன்றுகிறது. எனக்கோ நாற்பது ஆண்டுகளில் கை தானாகத் திருப்பும் பழக்கம் வந்துவிட்டதால், பின்தையல் பொத்தான் உள்ள இயந்திரத்தில் உட்கார்ந்தாலும் துணியைத்தான் திருப்புகிறேன்.

முதல் ஆண்டிலேயே ஒரு பெரிய தவறு செய்தேன். மிஷின் எண்ணெய் தீர்ந்துபோன ஒரு நாள், அடுப்படியில் இருந்த தேங்காய் எண்ணெயைத் துளைகளில் விட்டேன். அன்றைக்கு இயந்திரம் வெண்ணெய் போல ஓடியது. மார்கழிக் குளிர் வந்ததும் எண்ணெய் உள்ளே உறைந்து, பஞ்சுத் தூசியோடு சேர்ந்து பிசினாகிவிட, மிதியை இரண்டு கால்களாலும் உந்தினாலும் சக்கரம் சுழலவில்லை. பழுது பார்ப்பவர் தலையைக் கவிழ்த்து வைத்து, மண்ணெண்ணெயை விட்டுவிட்டுச் சுழற்றி, ஒரு பகல் முழுவதும் கழுவினார். "தங்கச்சி, தலைக்குத் தேய்க்கிறத இதோட தலைக்குத் தேய்க்காத" என்று அவர் சொன்னது இன்னமும் எங்கள் வீட்டில் கேலியாக நிலைத்திருக்கிறது. அதற்குப் பிறகு வாரம் இரண்டு முறை, துளைக்கு இரண்டு சொட்டு வீதம், மிஷின் எண்ணெய் மட்டும்தான். விட்டதும் கழிவுத் துணி ஒன்றை ஓட்டி, வழியும் எண்ணெயை எடுத்துவிட வேண்டும். இல்லாவிட்டால் முதல் வாடிக்கையாளரின் பட்டு ரவிக்கையில் அது இறங்கும்.

பராமரிப்பு என்று இதற்கு மேல் பெரிதாக எதுவும் இல்லை. கீழ்நூல் சுற்றிய பாபின் இருக்கும் கேஸைக் கழற்றி, அதைத் தாங்கும் ஷட்டிலைச் சுற்றிச் சேரும் பஞ்சைப் பழைய பல்துலக்கியால் தட்டிவிடுவேன். தோல் பெல்ட் நாளடைவில் நீளும். அரை அங்குலம் வெட்டி மறுபடி கம்பிக் கொக்கியைப் போட்டால் ஒரு பருவம் ஓடும். கோளாறு எங்கே என்பதைப் பெரும்பாலும் தையலே சொல்லிவிடும். துணியின் அடிப்பக்கம் நூல் புழுப்புழுவாகச் சுருண்டு கிடந்தால், கற்றுக்கொள்பவர்கள் உடனே பாபினைக் குற்றம் சொல்வார்கள். உண்மையில் மேல்நூல், அதை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷன் தட்டுகளுக்கு நடுவே சரியாக உட்கார்ந்திருக்காது. தையல் விட்டுவிட்டு விழுந்தால் ஊசி முனை மழுங்கியிருக்கும், அல்லது ஊசியின் தட்டைப் பக்கம் திரும்பியிருக்கும். துணி நகராமல் ஒரே இடத்தில் குத்தினால் அடியிலுள்ள பல் தேய்ந்திருக்கிறது என்று பொருள். இத்தனை ஆண்டுகளில் அந்தப் பல்லை இரண்டு முறையும், ஷட்டிலை ஒரு முறையும் மாற்றியிருக்கிறேன். ஊசிகளுக்குக் கணக்கு வைக்கவில்லை.

எங்கள் ஊர்த் துணிகளில் இது எப்படி ஓடுகிறது என்பதைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். சின்னாளபட்டி என்றால் சுங்குடிச் சேலை. சுங்குடிப் பருத்தியும் அதற்கு எடுக்கும் லைனிங் துணியும் முதல் நனைப்பிலேயே சுருங்கும். நனைத்துக் காயவைக்காமல் தைத்தால், முதல் சலவைக்குப் பிறகு ரவிக்கை கொக்கி போடவே வராது. 16ஆம் எண் ஊசியில் பருத்தியை இந்த இயந்திரம் எவ்வளவு வேண்டுமானாலும் தைக்கும். பலகைபோல் தடித்த மடிப்புகளைக்கூட, கைச்சக்கரத்தைக் கையால் மெல்லச் சுழற்றிக் கடந்துவிடலாம். எங்கள் ஊரில் நெய்யப்படும் செயற்கைப் பட்டுதான் இதற்கு ஆகாது. மேல்துணி ஒரு பக்கமும் அடித்துணி மறுபக்கமுமாக வழுக்கும். அடியில் செய்தித்தாளைக் கிழித்து வைத்து, 11ஆம் எண் ஊசியால் தைத்து, பிறகு தாளைக் கிழித்தெடுக்க வேண்டும். இழுத்தால் நீளும் பனியன் துணிகளை நான் வாங்குவதே இல்லை. நேர்த்தையல் நூல் துணியோடு சேர்ந்து நீளாமல் பட்டென்று அறுந்துவிடும். துணியின் ஓரம் பிரியாமல் அடிக்கும் ஓவர்லாக்குக்கு இரண்டு தெரு தள்ளி இருக்கும் கடைக்குத்தான் அனுப்புகிறேன்.

இந்த இயந்திரம் போடுவது பூட்டுத்தையல். மேல்நூலும் கீழ்நூலும் துணிக்கு நடுவே ஒன்றையொன்று பின்னிக்கொள்ளும். அரிசி மூட்டையின் வாய்த்தையலைப்போல ஒரு முனையை இழுத்ததும் இது உருவிக்கொண்டு வராது; ஓரிடத்தில் அறுந்தாலும் மற்ற இடம் நிற்கும், வேண்டிய இடத்தில் மட்டும் பிரிக்கவும் முடியும். ஊர்த் தையற்காரியின் பிழைப்பு பெரும்பாலும் இந்தப் பிரித்தலில்தான் நடக்கிறது. ரவிக்கையின் பக்கவாட்டில் கால் அங்குல இடைவெளியில் மூன்று வரி தைத்து வைப்பேன். உடம்பு போடப்போட உள்வரியைப் பிரித்துக்கொள்ளலாம். பிரிக்கும் வரிகளுக்கு மட்டும் தையலின் நீளத்தைச் சற்றுக் கூட்டி வைத்தால் பிளேடு எளிதாக நுழையும்.

அளவு நோட்டுகள் என்னிடம் இருபத்தேழு இருக்கின்றன. 1987இல் மார்புச் சுற்று 30 என்று எழுதிய ஒரு பெண்ணுக்கு, 1995இல் 36, 2008இல் 40, சென்ற ஆண்டு 34. நோயில் இளைத்த பிறகு, பழைய ரவிக்கைகள் எட்டைக் கொண்டுவந்து பிடித்துத் தரச் சொன்னார். புதிதாகவே தைத்துவிடலாம் என்று நான் சொன்னபோது, "இருக்கட்டும் டெய்லரக்கா, மறுபடி போட்டாலும் போடும்" என்றார். அதனால் துணியை வெட்டாமல், உள்ளேயே மடித்து, பழைய மூன்று வரிகளுக்குப் பக்கத்தில் மேலும் இரண்டு வரி தைத்துக் கொடுத்தேன். கழுத்து இறக்கம், கை நீளம், புஃப் கை, கட்டோரி, போட் கழுத்து என்று எத்தனையோ மாறினாலும், அதற்காக இயந்திரத்தில் எதையும் மாற்ற நேர்ந்ததில்லை. கத்தரிதான் வேறு வழியில் போனது.

இடையில் ஒரு எட்டு மாதம், வெளியூரில் ஓர் ஆடை நிறுவனத்தில் பவர் மிஷினில் வேலை பார்த்தேன். நிமிடத்துக்கு 4000 தையலுக்கு மேல் ஓடக்கூடியது அது. என் கால்மிதியில் ஒருமுறை அழுத்தினால் ஊசி நான்கைந்து முறை இறங்கும், அவ்வளவுதான். வேகத்தில் ஒப்பிடவே முடியாது. ஆனால் அங்கே நாள் முழுவதும் சட்டையின் தோள் மூட்டை மட்டுமே தைத்தேன்; எட்டு மாதத்தில் ஒரு முழுச் சட்டையைக்கூட நான் தைக்கவில்லை. ஒரே தையலை ஆயிரம் முறை போடுவதற்குப் பவர் மிஷினை மிஞ்ச ஆள் இல்லை. கைச்சுற்று வளைவில் ஒவ்வொரு தையலாக நின்று நின்று போக வேண்டிய ரவிக்கைக்கு, பாதத்தின் அழுத்தத்திலேயே ஊசியை நிறுத்தக்கூடிய கால்மிதி எனக்கு நம்பகமாக இருக்கிறது. பிறகு ஊருக்குத் திரும்பி, மகளிர் தையல் கூட்டுறவுச் சங்கத்தில் உறுப்பினராகிப் பள்ளிச் சீருடைகளும் தைத்தேன். எங்கள் சங்கத்தில் துணியை வெட்டிய நிலையிலேயே கட்டுக்கட்டாகக் கொடுப்பார்கள். அந்த மாதங்களில் மட்டும், பவர் மிஷின் இருந்திருக்கலாமே என்று ஏங்கியிருக்கிறேன்.

அந்த ஏக்கத்தை 2012 தீர்த்து வைத்தது. சென்னைக்கு வெளியே நாளொன்றுக்குப் பத்து மணி நேரத்திற்கும் மேல் மின்சாரம் இல்லாத காலம் அது. மோட்டார் வைத்திருந்தவர்கள் இரவு இரண்டு மணிக்கு எழுந்து தைத்தார்கள். நான் வாசல் வெளிச்சத்தில் இயந்திரத்தைப் போட்டுக்கொண்டு பகலிலேயே தைத்தேன். அந்த ஆண்டுத் தீபாவளிக்கு என்னிடம் வந்த துணியைப்போல் அதற்கு முன்பும் வந்ததில்லை, பின்பும் வந்ததில்லை.

இங்கே ஒரு கிளைச் செய்தி. எங்கள் ஊரை ஒட்டியுள்ள காந்திகிராமத்தை 1947இல் டாக்டர் சௌந்தரமும் ஜி. ராமச்சந்திரனும் நிறுவினார்கள். அந்த ராமச்சந்திரன் 1924இல் மாணவராக இருந்தபோது, நீங்கள் எல்லா இயந்திரங்களையும் எதிர்க்கிறீர்களா என்று காந்தியிடம் கேட்டிருக்கிறார். காந்தி விலக்களித்த இயந்திரம், சிங்கர் தையல் இயந்திரம். மனைவி கையால் தைத்து அவதிப்படுவதைப் பார்த்து, அன்பினால் சிங்கர் அதை உருவாக்கினார் என்று காந்தி காரணம் சொன்னார். வரலாற்றின்படி ஐசக் சிங்கர் காப்புரிமை பெற்றது 1851இல். முனையில் துளையுள்ள ஊசியையும் பூட்டுத்தையலையும் கொண்ட இயந்திரத்துக்கு எலியாஸ் ஹோவ் 1846லேயே காப்புரிமை பெற்றிருந்தார். அதோடு சிங்கர், பல பெண்களோடு குடும்பம் நடத்தி இருபதுக்கும் மேற்பட்ட பிள்ளைகளைப் பெற்றவர்; காந்திக்குக் கிடைத்த கதையில் அது இல்லை. எப்படியானாலும், அந்த இயந்திரம் மனைவியின் அவதியைக் கைகளிலிருந்து முழங்கால்களுக்கு மாற்றியது என்பதை என் அனுபவத்திலிருந்து சேர்த்துக்கொள்கிறேன்.

ஏனென்றால் இந்த இயந்திரத்தின் உண்மையான குறை அதுதான். ஐம்பது வயதைத் தாண்டியதும் வலது முழங்கால் வீங்கத் தொடங்கியது. உட்கார்ந்தால் எழ முடியவில்லை. குதிகால் கீழேயும் விரல்கள் மேலேயுமாக, இரண்டு பாதங்களையும் மாற்றி மாற்றி அழுத்த வேண்டும் என்று கற்றுக்கொடுத்திருந்தும், அவசரத்தில் முப்பது ஆண்டுகளாக வலது காலாலேயே உந்தி வந்திருக்கிறேன். எனக்கு உட்காரக் கிடைத்த முக்காலியின் உயரமும் தவறு. மேசைக்குத் தாழ்வாக இருந்ததால் தோள்கள் தூக்கியபடியே தைத்திருக்கிறேன். இதை யாரும் எனக்குச் சொல்லவில்லை, நானும் யாரையும் கேட்கவில்லை.

2016இல் சிறிய மோட்டார் ஒன்றைப் பக்கத்தில் பூட்டினேன். முதல் வாரத்திலேயே, பழைய பழக்கத்தில் பாதத்தை அழுத்தியபோது அது பாய்ந்து, ஊசி இடது ஆள்காட்டி விரலின் நகத்தைத் துளைத்து இறங்கியது. தவறு மோட்டாருடையதன்று, கால்மிதியில் பலமாக அழுத்திப் பழகிய பாதத்துக்கு, மோட்டார் மிதியைத் தொட்டும் தொடாமலும் வைக்கத் தெரியவில்லை. மூன்று மாதம் பழகிய பிறகு, நீளமான தையல்களுக்கு மோட்டாரும், கழுத்துக்கும் கைச்சுற்றுக்கும் மிதியுமாக, பெல்ட்டை மாற்றி மாற்றிப் போட்டு ஓட்டுகிறேன். 2020இல் ஊரடங்கின்போது முகக்கவசங்கள் தைத்ததெல்லாம் மோட்டாரில்தான். முழங்காலை நம்பியிருந்தால் அந்த எண்ணிக்கையில் பாதிகூட வந்திருக்காது.

புதிதாகத் தொழில் தொடங்குபவர்களுக்கு என் பரிந்துரை: நாற்பது வயதுக்குள் இருந்தால் ஆறு மாதம் கால்மிதியில் பழகிவிட்டு, பிறகு மோட்டார் பூட்டிக்கொள்ளுங்கள். நாற்பதைத் தாண்டியவர்கள் முதல் நாளிலிருந்தே மோட்டாரில் பழகலாம். சீருடை, நைட்டி என்று மொத்தமாகத் தைக்கப்போகிறவர்கள் கால்மிதியைத் தொடவே வேண்டாம். பழைய இயந்திரம் வாங்கினால் வண்ணத்தையும் பெயரையும் பார்க்காமல், பெல்ட்டைக் கழற்றிவிட்டுக் கைச்சக்கரத்தைச் சுழற்றிப் பாருங்கள். ஒரே சீராகச் சுழல வேண்டும், ஓரிடத்தில் மட்டும் இறுகக் கூடாது. ஊசிக்கம்பியைப் பக்கவாட்டில் அசைத்தால் ஆடக் கூடாது. நூல் போடாமல் ஒரு தாளை நான்காக மடித்து ஓட்டினால், துளைகள் ஒரே இடைவெளியில் நேராக விழ வேண்டும்.

என்னுடையது இந்தச் சோதனைகளில் இன்றைக்கும் தேறுகிறது. பாபின் சுற்றியின் ரப்பர் வளையத்துக்கு மட்டும் கடைகளில் சரியான அளவு கிடைப்பதில்லை. பழைய சைக்கிள் டியூபிலிருந்து வெட்டி மாட்டியிருக்கிறேன். ஆறு மாதத்துக்கு ஒன்று தேய்கிறது.